யுத்தம் வந்தால் பதுங்கும் யுத்த விளையாட்டு

2001 செப்டம்பர் 10. அமெரிக்கக் கடைகளில் ‘அட்வான்ஸ் வார்ஸ்’ என்ற வீடியோ கேம் விற்பனைக்கு வந்த நாள். ஒரு யுத்த விளையாட்டுக்கு இதைவிட மோசமான முகூர்த்தத்தை எந்த ஜோசியராலும் குறித்துக் கொடுத்திருக்க முடியாது. விடிந்தால் செப்டம்பர் 11. பொம்மைக் குண்டுவிமானங்களோடு கடை விரித்திருந்த நின்டெண்டோ கதிகலங்கிப்போனது. ஐரோப்பாவுக்கு 2002 ஜனவரியில்தான் விளையாட்டு போய்ச் சேர்ந்தது. பிறந்த வீடான ஜப்பானுக்கோ 2004 நவம்பர் வரை போகவே இல்லை. அதற்குள் இரண்டாம் பாகமும் வெளிவந்துவிட்டதால், இரண்டையும் ஒரே கார்ட்ரிட்ஜில் திணித்து அனுப்பிவைத்தார்கள்.

குலம் கோத்திரத்தையும் பார்த்துவிடுவோம். 1988இல் ‘ஃபேமிகாம் வார்ஸ்’ என்ற பெயரில் பிறந்தது இந்த வம்சம். பெற்றது கியோட்டோவின் இன்டெலிஜென்ட் சிஸ்டம்ஸ். ஊர் முழுக்க விற்றது நின்டெண்டோ. ரெட் ஸ்டார், ப்ளூ மூன் என்று இரண்டு நாடுகள். எதற்காக அடித்துக்கொள்கின்றன என்றெல்லாம் கேட்கக் கூடாது. டிவி விளம்பரத்தில் சிப்பாய்கள் அமெரிக்கப் பாசறைப் பாணியில் பாட்டுப் பாடிக்கொண்டே ஓடுவார்கள். அந்தப் பாட்டில் இருந்த ஒரே ராணுவ ரகசியம், விஷயம் அம்மாக்களின் காதுக்குப் போகக் கூடாது என்பதுதான். 1991இல் கேம் பாய்க்கும் வந்தது. ஆனால் 2001 வரை ஜப்பானைத் தாண்டவில்லை. வெள்ளைக்காரர்களுக்கு இவ்வளவு பொறுமை இருக்காது என்று நினைத்தார்களோ என்னவோ. கடைசியில் கப்பலேற்றியபோது ரெட் ஸ்டாரை ஆரஞ்சு ஸ்டார் ஆக்கினார்கள். சிவப்பு நட்சத்திரத்தை வைத்துக்கொண்டு அமெரிக்காவில் என்ன வியாபாரம் செய்வது?

இனி யுத்த தர்மத்துக்கு வருவோம். இங்கே எல்லாம் முறைப்படி நடக்கும். நான் என் படை முழுவதையும் நகர்த்தி முடிக்கும்வரை எதிரி கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். பிறகு அவன் முறை. நான் அடித்தால் மிச்சமிருக்கும் ஆட்கள் திருப்பி அடிப்பார்கள். ஆகவே முதல் அடிதான் அடி. உலக வரலாற்றில் இவ்வளவு நாகரிகமான சண்டை வேறெங்கும் நடந்ததில்லை.

செலவுக் கணக்கும் துல்லியம். ஒரு காலாட்படை 1,000 காசு, டாங்க் 7,000, குண்டுவிமானம் 22,000, போர்க்கப்பல் 28,000. பிடித்துவைத்த ஒவ்வொரு நகரமும் நாளுக்கு 1,000 காசு கப்பம் கட்டும். அடிபட்ட காலாட்படையை நம் நகரத்தில் கொண்டுபோய் நிறுத்தினால் நாளுக்கு இரண்டு புள்ளி உயிர் திரும்பும், புள்ளிக்கு 100 காசு வீதம். மனித உயிருக்கு இவ்வளவு வெளிப்படையான விலைப்பட்டியல் போட்ட ராணுவத்தை நான் கண்டதில்லை.

நகரத்தைப் பிடிக்கும் அழகைத்தான் அவசியம் பார்க்க வேண்டும். சிப்பாய் கட்டடத்தின் மேல் ஏறி நின்று குதிப்பார். அது அமுங்க அமுங்க, நம் நிறத்தில் மீண்டும் எழும்பும். பேச்சுவார்த்தை, சரணாகதி, ஒப்பந்தம் என்ற தலைவலியெல்லாம் கிடையாது. ஒவ்வொரு கட்டடத்துக்கும் 20 புள்ளி. முழு பலத்தோடு இருக்கும் படை ஒரு முறை குதித்தால் 10 கழியும். இரண்டே நாளில் ஊர் நம்முடையது. பாதி செத்த படை என்றால் நான்கு நாள். எதிரியின் தலைமையகத்தின் மேல் இப்படிக் குதித்துவிட்டால் யுத்தமே முடிந்தது. கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டிய கப்பற்படை கடலில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்க, 1,000 காசுச் சிப்பாய் ஒருவர் குதித்தே ராஜ்யத்தைக் கவிழ்ப்பார்.

தளபதிகளின் லட்சணம் தனிக் கதை. நாயகன் ஆண்டி, ஸ்பானருடன் அலையும் பொடியன். விமான நிலையம் என்றால் என்ன என்று ஒரு கட்டத்தில் கேட்டவன். அவனிடம் விமானப்படையை ஒப்படைத்திருக்கிறார்கள். வெண்தாடி ஓலாஃப், ஆரஞ்சு ஸ்டாரிலிருந்து ப்ளூ மூனுக்குக் கட்சி மாறியவர். நினைத்தால் பனி பொழியவைத்து எதிரியை முடக்குவார். கான்பெய் என்ற சாமுராய்ச் சக்கரவர்த்தியின் படை தரத்தில் உசத்தி, விலையும் 20 சதவீதம் உசத்தி. இவர்கள் எல்லாரும் ஒருவரையொருவர் அடித்துக் களைத்த பிறகுதான் தெரியும், ஸ்டர்ம் என்ற வில்லன் ஆண்டியைப் போலவே ஒரு போலியைச் செய்து அனுப்பி மூட்டிவிட்ட கலகம் இது என்று. அட்வான்ஸ் வார்ஸில் நான்காகிவிட்ட நாடுகளின் உளவுத்துறைகளும் என்ன செய்துகொண்டிருந்தன என்று எவரும் விசாரணைக் கமிஷன் வைக்கவில்லை.

ஆடும் நமக்கும் தனியாக ஒரு யுத்தம் இருந்தது, வெளிச்சத்தோடு. விளையாட்டு ஓடிய கைக்கருவியான முதல் கேம் பாய் அட்வான்ஸின் திரைக்குப் பின்விளக்கு கிடையாது. விளக்கடியில் உட்கார்ந்து, கருவியை ஒரு பக்கமாகச் சாய்த்து, கழுத்தை மறுபக்கமாகச் சாய்த்து ஆடினால்தான் நிற்பது நம் டாங்கா எதிரியுடையதா என்று தெரியும். வரைபடத்தை மூடுபனி மறைக்கும் ஆட்டமும் உண்டு. இந்தத் திரையில் அதைத் தனியாகச் செய்ய வேண்டிய அவசியமே இல்லை.

2008இல் வந்த பாகத்தில் விண்கற்கள் விழுந்து மனித குலத்தில் பெரும்பகுதி அழிந்துபோனது, கூடவே நகைச்சுவையும். அதன்பின் வம்சம் நீண்ட தூக்கத்தில் ஆழ்ந்தது.

2021இல் எழுப்பினார்கள். முதல் இரண்டு பாகங்களையும் ஸ்விட்ச் கருவிக்காக வேஃபார்வர்ட் நிறுவனம் புதிதாகச் செய்தது. 2021 டிசம்பரில் வரவேண்டியது, மெருகேற்ற அவகாசம் வேண்டுமென்று 2022 ஏப்ரல் 8க்குத் தள்ளிப்போனது. பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்தது. கதையிலோ ப்ளூ மூன், ரஷ்யச் சாயல் கொண்ட நாடு. பக்கத்து நாட்டின் மேல் படையெடுப்பது அதன் முதல் வேலை. உலக நிலவரத்தைக் காரணம் காட்டி நின்டெண்டோ மறுபடியும் கடையைச் சாத்தியது. போர் முடியட்டும் என்று ஓராண்டுக்கு மேல் பார்த்தார்கள். அது முடிகிற வழியாக இல்லை. 2023 ஏப்ரல் 21இல் விளையாட்டு வெளியானது. ஜப்பானுக்கு மட்டும் இந்த முறையும் இல்லை. இன்னொரு 2004 வரும் என்று அங்கே இருப்பவர்கள் காத்திருக்கலாம்.

ஆடிப் பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை: கைக்குக் காசு வந்ததும் டாங்க் வாங்க ஓடாதீர்கள். முதல் சில நாள் சிப்பாய்களையே வாங்கி, கண்ணில் படும் கட்டடத்தின் மேலெல்லாம் குதிக்கவிடுங்கள்.