படத்தைப் படம் பிடித்தவர்கள் சார்பாக ஒரு மனு

அனுப்புநர்
போன் பைத்தியம் என்று ஊரார் அன்போடு அழைக்கும் ஒருவன்,
சிலமலை, போடிநாயக்கனூர் ஒன்றியம், தேனி மாவட்டம்.

பெறுநர்
மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகம்,
புது தில்லி.

பொருள்: நூறு நாள் வேலையின் வருகைப்பதிவுச் செயலியைப் பாராட்டுதலும், அதன் பயனைத் தங்கள் அலுவலகத்துக்கும் நீட்டிக்கக் கோருதலும் தொடர்பாக.

பார்வை: 2025 ஜூலையில் தாங்கள் மாநிலங்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கை.

ஐயா, அம்மா,

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இந்தக் கடிதத்தை யாரோ புதுமை பிடிக்காத கிழவர் எழுதியதாக நினைத்து ஓரமாக வைத்துவிடுவீர்கள். நான் அப்படிப்பட்டவன் இல்லை. புது போன் ஒன்று வந்தால், அதன் பெட்டியைப் பிரிக்கும் வீடியோவைத் தமிழில் ஒரு தடவை, இந்தியில் ஒரு தடவை பார்ப்பேன். இந்தி தெரியாது. ஆனாலும் பெட்டி பிரிகிற சத்தம் எல்லா மொழியிலும் ஒன்றுதான். ஜீப்பில் போடிமெட்டு ஏறும்போது மற்றவர்கள் பதினேழு கொண்டை ஊசி வளைவிலும் சாமி கும்பிட்டுக்கொண்டு வருவார்கள். நான் எந்த வளைவில் எத்தனை கோடு சிக்னல் என்று பார்த்துக்கொண்டு வருவேன். ஊரில் யாருக்கு ஓ.டி.பி. வந்தாலும் முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதை யாரிடமும் சொல்லக்கூடாது என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். என்னை 'யாரும்' என்பதில் அவர்கள் சேர்ப்பதில்லை.

ஆகவே, 2021 மே மாதம் தாங்கள் என்.எம்.எம்.எஸ். என்ற இந்த வருகைப்பதிவுச் செயலியைக் கொண்டுவந்தபோது இந்த மலையடிவாரத்தில் மனதாரக் கைதட்டியவர்களில் நானும் ஒருவன். வருகைப்பதிவேட்டில் பொய்ப்பெயர் எழுதி, வராத ஆளுக்குக் கூலி போட்டு, செத்தவரைக் கண்மாய்க்கரையில் மண் சுமக்க வைத்த கதையெல்லாம் நாடு முழுக்க உண்டு. அதை ஒழிக்க ஒரு செயலி! பணித்தளப் பொறுப்பாளர் தன் போனைத் தூக்கிப் பிடித்து, காலையில் ஒரு படம். நான்கு மணி நேரம் கழித்து இன்னொரு படம். எந்த இடத்தில் எடுத்தது, எத்தனை மணிக்கு எடுத்தது என்ற விவரம் படத்தோடு ஒட்டிக்கொண்டே போகும். 2023 ஜனவரி 1 முதல், தனிநபர் பயனாளிப் பணிகள் தவிர, எல்லாப் பணித்தளத்துக்கும் இது கட்டாயமானது. போன் பெரும்பாலும் பொறுப்பாளருடையது; டேட்டாவும் அவருடையது; வெயில் தொழிலாளிகளுடையது. இவ்வளவு சிக்கனமான டிஜிட்டல் திட்டத்தை எந்தப் பெரிய கம்பெனியும் இதுவரை யோசித்ததில்லை.

அதைவிட என்னைக் கவர்ந்தது, அந்தப் படங்களையெல்லாம் தாங்கள் இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வைத்தது. இன்ஸ்டாகிராமில் படம் போட ஒரு கணக்குத் தொடங்க வேண்டும், விருப்பம் இருக்க வேண்டும், கொஞ்சம் சிரிக்கவும் வேண்டும். தங்கள் தளத்தில் அந்தத் தொல்லை எதுவும் இல்லை. நாட்டின் மூலைமுடுக்கிலிருந்து தலையில் துண்டு கட்டிய பெண்கள், சேலைக்கு மேலே சட்டை போட்டுக்கொண்ட பாட்டிகள், மண்வெட்டியில் சாய்ந்து நிற்கும் பெரியவர்கள் என்று தினமும் வந்து குவிகிறார்கள். லைக் பொத்தான் மட்டும் இல்லை. அடுத்த பதிப்பில் சேர்க்கலாம்.

இனி பார்வையில் கண்ட சுற்றறிக்கைக்கு வருகிறேன்.

அதைப் படித்ததும் எனக்குத் தொழில்முறைப் பொறாமையே வந்துவிட்டது. செயலியை ஏமாற்றும் வழிகளைத் தாங்களே வகைப்படுத்தி எழுதியிருக்கிறீர்கள். வேலைக்குச் சம்பந்தமே இல்லாத படத்தை ஏற்றுவது ஒரு வகை. ஏற்கெனவே எடுத்த படத்தைப் போனில் காட்டி, அதை இன்னொரு போனால் படம் பிடித்து ஏற்றுவது இன்னொரு வகை. பதிவில் இருப்பவர் எண்ணிக்கையும் படத்தில் நிற்பவர் எண்ணிக்கையும் ஒத்துப்போகாதது, பெண்கள் பெயரில் ஆண்கள் நிற்பது, ஒரே ஆள் பல வருகைப்பதிவேட்டில் முகம் காட்டுவது, மதியப் படத்தை ஏற்றாமலே விடுவது என்று பட்டியல் நீளுகிறது. இதில் அந்தப் படத்தைப் படம் பிடிக்கும் வித்தை இருக்கிறதே, அதை நான் சும்மா கடந்துபோக மாட்டேன். இருப்பிடம் சரி, நேரம் சரி, கோப்பு சரி. செயலி கேட்ட எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, செயலி கேட்க மறந்த ஒன்றை மட்டும் கொடுக்காமல் விட்டவர்கள் அவர்கள். வெளிநாட்டில் இப்படி ஓட்டையைக் கண்டுபிடித்துச் சொன்னால் கம்பெனிகள் பரிசுப் பணம் தருவதாகக் கேள்விப்பட்டிருக்கிறேன். தாங்கள் நோட்டீஸ் தந்திருக்கிறீர்கள். பட்ஜெட் நெருக்கடி புரிகிறது.

ஆனால் சுற்றறிக்கையின் உச்சம், அதில் சொல்லியிருக்கும் தீர்வுதான். இனி ஊராட்சி அளவில் எல்லாப் படங்களையும், நூற்றுக்கு நூறு, மனிதர்கள் உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும். அதற்கு மேலே ஒன்றியத்தில் ஒரு பங்கு, மாவட்டத்தில் ஒரு பங்கு, மாநிலத்தில் ஒரு பங்கு. மனிதன் பொய் சொல்வான் என்று இயந்திரம் வந்தது. இயந்திரத்தை ஏமாற்றுகிறார்கள் என்று மறுபடி மனிதனைக் கூப்பிட்டாயிற்று. ஊராட்சி எழுத்தர், முன்பு என்றால், சைக்கிளில் கண்மாய்க்கரைக்குப் போய் ஆளை எண்ணிவிட்டு வந்திருப்பார். இப்போது அலுவலகத்தில் உட்கார்ந்து, படத்தைப் பெரிதாக்கி, பின்வரிசையில் முக்காடு போட்டிருப்பவர் யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். அந்தக் கண்மாய் அவர் ஜன்னலிலிருந்து பார்த்தாலே தெரியும் என்பது வேறு விஷயம்.

எங்கள் எதிர்வீட்டு அத்தையிடம் இந்தச் சுற்றறிக்கையை வாசித்துக் காட்டினேன். அவர் ஏலக்காய் எடுப்புக் காலத்தில் விடியுமுன்னே ஜீப் ஏறிக் கேரள எஸ்டேட்டுக்குப் போகிறவர். மலையில் வேலை இல்லாத நாட்களில் நூறு நாள் வேலைக்கு. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏப்பா, போட்டோவுல நான் நிக்கிறது தெரியுது. நான் வெட்டுன குழி எங்கப்பா தெரியுது?" என்றார்.

"அத்தை, அது வருகைப்பதிவு. ஆள் வந்தாச்சான்னு பாக்குறது."

"ஆமா, போட்டோ எடுக்கணும்னா எல்லாரும் மம்பட்டியக் கீழ போட்டுட்டு வரிசையில வந்து நிக்கணும்ல. அப்ப வேல செய்யாத நேரம் பாத்துத்தான் நாங்க வேல செஞ்சதாச் சாட்சி எடுக்குறாக. சரிதான்."

எழுத்தறிவு இயக்கத்தில் பாதியில் நின்றவர், மன்னித்துவிடுங்கள்.

எங்கள் ஊர்ப்பக்கத்துத் தொழில்நுட்பத்தைத் தாங்கள் வந்து பார்க்க வேண்டும் என்று இந்த இடத்தில் பணிவோடு அழைக்கிறேன். சென்னையிலிருந்து ரயிலிலேயே போடிக்கு வரலாம். 2023 ஜூனிலிருந்து அகலப் பாதையில் ரயில் ஓடுகிறது. போடியில் ஸ்பைசஸ் போர்டின் ஏலக்காய் மின்னணு விற்பனைக் கூடம் இருக்கிறது. 2007-இல் தொடங்கியது. வாயால் விலை கூவிய காலம் போய், வியாபாரிகள் ஆளுக்கொரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து விலை வைக்கிறார்கள். 2021-இல் கிளவுட் வசதியும் வந்துவிட்டது. மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கி மாவட்டத்துப் புத்தடியில் இருக்கும் வியாபாரியும், இந்தப் பக்கம் போடியில் இருப்பவரும் ஒரே விற்பனையில் ஒரே நேரத்தில் மோதலாம். என்னைப் போன்றவனுக்கு அது கோயில் மாதிரி. திரையில் விலை ஏறும்போது எனக்குள்ளே ஏதோ ஏறும்.

இவ்வளவு கம்ப்யூட்டர் வந்தும், அங்கே ஒன்று மட்டும் மாறவில்லை. விலை வைப்பதற்கு முன் வியாபாரிக்கு மாதிரிக் காய் கைக்கு வந்தாக வேண்டும். அதை உள்ளங்கையில் கொட்டி, நிறம் பார்த்து, பருமன் பார்த்து, ஒன்றை உடைத்து, உள்ளிருக்கும் ஏல அரிசியைக் கடித்துப் பார்த்து, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்த பிறகுதான் பொத்தானைத் தொடுவார். 2019 ஆகஸ்டில் புத்தடியில் ஒரு கிலோ ரூ.7,000 வரை போனதே, அன்றைக்குங்கூடப் போட்டோவைப் பார்த்து யாரும் வாங்கவில்லை. கம்ப்யூட்டருக்கு விடப்பட்டது விலையைக் கூட்டிக்காட்டும் வேலை மட்டும். காய் நல்ல காயா என்று சொல்லும் வேலையைக் கொடுத்துவிட்டால் நஷ்டம் யாருக்கு என்று வியாபாரிக்குத் தெரியும்; அவர் பணம் அல்லவா.

ஏலக்காய்க்கு இந்த மரியாதை கிடைக்கிறது. அதைப் பறித்த கைக்கு வருகிறபோது, படம் போதும் என்று முடிவாகிவிடுகிறது. இதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஏலக்காய் ஏற்றுமதியாகிறது, அத்தை ஏற்றுமதியாவதில்லை.

இப்போது என் கோரிக்கை. இவ்வளவு நல்ல செயலியைக் கீழே உள்ளவர்கள் மட்டும் அனுபவிப்பது நியாயமா? அமைச்சகத்துக்கும் அதை நீட்டிக்க வேண்டுகிறேன். வருகைப்பதிவேடு முடிந்து 15 நாளுக்குள் கூலி கொடுக்க வேண்டும் என்பது தாங்களே நடத்திய சட்டத்தில் இருந்தது. தாமதமானால் நாளொன்றுக்கு 0.05 சதவீதம் ஈட்டுத்தொகையும் உண்டு என்றிருந்தது. தமிழ்நாட்டில் 2025-26-இல் ஒரு நாள் கூலி ரூ.336. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஒரு நாள் கூலியை ஒரு நாள் தாமதப்படுத்தினால் ஏறக்குறைய 17 காசு. என் போனில் பணம் அனுப்பும் செயலி ஒரு ரூபாய் அனுப்பினால் 'டிங்' என்று சத்தம் போடும். 17 காசுக்கு எப்படிச் சத்தம் போடும் என்று கேட்க ஆவலாக இருக்கிறேன். 2025 மார்ச்சில் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய பாக்கி ரூ.4,034 கோடி என்று இங்கே தெருவில் நின்று கோஷம் போட்டார்கள். அந்தச் சமயத்தில் தங்கள் அலுவலகத்தில் ஒரு பொறுப்பாளர் போனைத் தூக்கி, கையெழுத்தாகாத கோப்பு, அதன் பின்னால் வரிசையாக நிற்கும் அதிகாரிகள், காலை ஒரு படம்; நான்கு மணி நேரம் கழித்து அதே கோப்பு, அதே அதிகாரிகள், இன்னொரு படம் என்று ஏற்றியிருந்தால், நாங்கள் சிலமலையிலிருந்தே பார்த்து, சரி, ஆட்கள் வந்திருக்கிறார்கள் என்று நிம்மதி அடைந்திருப்போம். சரிபார்ப்பையும் ஊராட்சியிலேயே செய்து கொடுக்கிறோம். நூற்றுக்கு நூறு. எங்களுக்கு இப்போது பழக்கமாகிவிட்டது.

2023-இல் இந்தச் செயலியையும் ஆதார் வழிக் கூலியையும் எதிர்த்துத் தொழிலாளர்கள் ஜந்தர் மந்தரில் நூறு நாள் தர்ணா அறிவித்து உட்கார்ந்தார்கள். தங்கள் அலுவலகத்திலிருந்து நடந்தே போகிற தூரம். தொழிலாளி வருகையை நேரில் சரிபார்க்க அதைவிட நல்ல வாய்ப்பு கிடைத்திருக்காது. அங்கே போன் பிடிக்க ஆள் அனுப்பினீர்களா என்று தெரிந்துகொள்ள ஆசை.

2025 டிசம்பரில் பழைய சட்டத்துக்குப் பதிலாகப் புதியது நிறைவேறியது. நூறு நாள் 125 நாளாகிறது. கண்காணிக்க பயோமெட்ரிக்கும் செயற்கை நுண்ணறிவும் வருகின்றன. தொழில்நுட்ப ரசிகனாகத் துள்ளிக் குதிக்கிறேன். ஆதார் முகப் பதிவு கண்ணைச் சிமிட்டச் சொல்லும்; உயிரோடு இருப்பதற்கு அது அத்தாட்சி. அறுபது வயதுக்கு மேல் எங்கள் ஊர்ப் பெண்கள் அரசாங்கத்தைப் பார்த்துக் கண் சிமிட்டப் பழகிக்கொண்டிருக்கிறார்கள். முதலில் வெட்கப்பட்டார்கள், இப்போது சிரித்துக்கொண்டே செய்கிறார்கள். அடுத்ததாக, படத்தில் நிற்பவர் நிஜமாக வேலை செய்தவர்தானா என்று செயற்கை நுண்ணறிவு முகத்தைப் பார்த்தே சொல்லிவிடும் என்கிறார்கள். அது நடந்தால் ஒரே ஒரு வேண்டுகோள். நிஜமாக வேலை செய்தவர் முகம் எப்படி இருக்கும் என்று அதற்குக் கற்றுக்கொடுக்க மாதிரிப் படங்கள் தேவைப்படும். எங்கள் அத்தை தரத் தயார். ஆனால் மம்பட்டியைக் கீழே வைக்க மாட்டாராம், குழிக்குள் இறங்கித்தான் எடுக்க வேண்டுமாம்.

இப்படிக்கு,
தங்கள் செயலியின் உண்மை விசிறி,
சிலமலை.

இணைப்பு: இந்தக் கடிதத்தைக் கையில் பிடித்தபடி எடுத்த படம் ஒன்று. நான்கு மணி நேரம் கழித்து எடுத்த படம் ஒன்று. இரண்டாவது, முதலாவதைப் படம் பிடித்தது.