ஒப்பீட்டுச் செம்மல்

கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில் தமிழர் வீட்டு விசேஷம் எதற்குப் போனாலும் அவரைப் பார்க்கலாம். நவராத்திரிக் கொலுவோ, குழந்தையின் முதல் பிறந்தநாளோ, சுண்டல் தட்டோடு கராஜ் பக்கம் ஒதுங்கும் ஆண்கள் கூட்டத்துக்கு நடுநாயகமாக நிற்பார். அவரைப் போல ஊரில் நிறையப் பேர் இருப்பதால் பெயர் சொல்லிப் பயனில்லை. ஒப்பீட்டுச் செம்மல் என்றே அழைப்போம். வயது ஐம்பதைத் தொடப் போகிறது, சொந்த ஊர் கும்பகோணத்துப் பக்கம், வேலை சான்டா கிளாராவில் சிப் வடிவமைப்பு. மின்சாரக் கார் வாங்கப் போகிறார். பல வருஷமாக வாங்கப் போகிறார்.

வாங்குவதா வேண்டாமா என்ற குழப்பம் அவருக்குக் கிடையாது. எந்தக் கம்பெனி என்பதும் தீர்ந்த விஷயம்: டெஸ்லா. அதில் மாடல் 3 என்கிற செடானா, மாடல் ஒய் என்கிற எஸ்.யூ.வி.யா என்பது மட்டும்தான் பாக்கி. லாரியா ஸ்கூட்டரா என்று கேட்டால் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவார். இங்கேயோ இரண்டுக்கும் அடித்தளம் ஒன்று, மோட்டாரும் பேட்டரியும் ஒரே குடும்பம், இரண்டும் தயாராவது அவர் ஊரிலேயே உள்ள அதே ஆலையில். மாடல் 3-இன் உயரம் 1.44 மீட்டர், ஒய்யின் உயரம் 1.62 மீட்டர். வித்தியாசம் 18 சென்டிமீட்டர், ஏறக்குறைய ஒரு சாண். எண் சாண் உடம்புக்காரர் இந்த ஒன்பதாவது சாணில் மாட்டிக்கொண்டு தவிக்கிறார்.

இதன் பூர்வகதை 2016 மார்ச் 31-இல் தொடங்குகிறது. காரைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே ஆயிரம் டாலர் கட்டிப் பதிவு செய்ய ஊர் ஊராக ஜனம் வரிசையில் நின்ற நாள் அது. நம்மவரும் நின்றார், மாடல் 3-க்குப் பணம் கட்டினார். முறை வருவதற்குள் அடுத்து ஒரு எஸ்.யூ.வி. வரப்போகிறது என்ற பேச்சு காதில் விழுந்தது. கட்டிய ஆயிரத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். 2019 மார்ச்சில் ஒய்யை மேடையில் காட்டினார்கள், 2020 மார்ச்சில் வாங்கியவர்கள் கைக்கு வந்தது. வந்த வாரமே கொரோனா ஊரை அடைத்தது. “ஆபீஸ் போகாதவனுக்குக் கார் எதுக்கு?” என்று ஒத்திப்போட்டார். 2024 ஜனவரியில் மெருகேற்றிய மாடல் 3 அமெரிக்காவுக்கு வந்தது. பழைய ஒய்யைப் புதிய 3-உடன் ஒப்பிடுவது தர்மமல்ல என்று புதிய ஒய்க்காகக் காத்திருந்தார். அது 2025-இல் வந்தபோது 3-க்கு ஒரு வயது கடந்திருந்தது. இது அவர் குற்றமில்லைதான். இரண்டும் ஒரே நாளில் பிறந்து ஒரே நாளில் புதுப்பிக்கப்பட்டால் ஒழிய நியாயமான தீர்ப்பு சாத்தியமில்லை என்று அவர் மனசாட்சி சொல்கிறது.

மனசாட்சி குடியிருக்கும் இடம் ஓர் எக்செல் கோப்பு. விலை, இன்சூரன்ஸ், டயர் தேய்மானம், டிக்கியின் அளவு, மறுவிற்பனை என்று பத்திகள் வலப்பக்கமாக நீண்டுகொண்டே போகும். ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண், ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் ஒரு முக்கியத்துவ சதவீதம். கூட்டிப் பார்த்தால் யாராவது ஒருவர் ஜெயித்துத்தானே ஆக வேண்டும்? செடான் ஜெயித்தால் அவருக்கு ஒய்யின் மேல் இரக்கம் வந்துவிடும். பின்சீட்டு வசதிக்குச் சதவீதத்தைக் கொஞ்சம் கூட்டுவார். ஒய் முந்தும். உடனே காற்றுத்தடை என்று புதிய பத்தி ஒன்று முளைக்கும்.

காற்றுத்தடையில் அவரை ஆரம்பிக்க விட்டால் சுண்டல் ஆறிவிடும். நெடுஞ்சாலை வேகத்தில் மின்சாரத்தைத் தின்பது பெரும்பாலும் காற்றுதான், வேகம் இரு மடங்கானால் தடை நான்கு மடங்கு, உயரமான வண்டி முகத்தில் அதிகக் காற்றை வாங்கும். அதனால் ஏறத்தாழ ஒரே பேட்டரியில் செடான் சில மைல் கூடுதலாக ஓடும் என்பார். அத்தனையும் உண்மை. ஆனால் அவர் ஆபீஸ் போகவர நாற்பது மைல், அதுவும் வாரம் இரண்டு நாள். ஒரு தடவை சார்ஜ் செய்தால் 300 மைல் ஓடும் வண்டியில், மேலே வரும் அந்தச் சில மைல்களை வைத்துக்கொண்டு என்ன செய்வார் என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை.

வீட்டில் இந்த ஆராய்ச்சிக்குப் பெரிய ஆதரவு இல்லை. “வாங்கறதா இருந்தா வாங்குங்க, இல்லைன்னா கொரோலாவுக்கு ஆயில் மாத்துங்க” என்பதோடு மனைவி நிறுத்திக்கொள்வார். அந்தக் கொரோலா 2009 மாடல். வேடிக்கை என்னவென்றால் அதுவும் ஃப்ரீமான்ட்காரன்தான். ஜெனரல் மோட்டார்ஸும் டொயோட்டாவும் சேர்ந்து 1984 முதல் 2010 வரை நடத்திய நும்மி ஆலையில் பிறந்தது. அந்த ஆலையைத்தான் டெஸ்லா வாங்கியது. ஆக, போகப் போகிற காரும் வரப் போகிற இரண்டு கார்களும் ஒரே கூரைக்குக் கீழே பிறந்தவை. இந்தத் தகவலுக்கு எக்செலில் பத்தி இல்லை என்பது அவருக்கு ஒரு குறை.

ஊரிலிருந்து அம்மா வந்திருந்தபோது விஷயம் முடிந்துவிடும் போலிருந்தது. இரண்டு வண்டியையும் ஓட்டிப் பார்க்கக் கூட்டிப் போனார். அம்மாவுக்கு எழுபத்தைந்து வயது, இரண்டு முழங்காலிலும் வலி. செடானின் கதவைத் திறந்து குனிந்து, மேலே தலையை இடித்துக்கொள்ளாமல் ஒருவழியாக உட்கார்ந்தார்.

“காருல ஏறும்மான்னு சொன்ன. இதுல எறங்கவுல்ல வேண்டியிருக்கு, கெணத்துல எறங்குற மாதிரி.”

“அந்த இன்னொண்ணு எப்படிம்மா இருக்கு?”

“அது திண்ணை ஒசரம். அப்படியே ஒக்காந்துடலாம். அதையே வாங்குப்பா.”

என்னைக் கேட்டால் தீர்ப்பு அங்கேயே எழுதியாகிவிட்டது. உயரம் என்பது முழங்கால் சம்பந்தப்பட்ட விஷயம், மற்றதெல்லாம் பேச்சு. ஆனால் செம்மல் அதை ஒரு தரவாகத்தான் எடுத்துக்கொண்டார். அம்மா இங்கே இருப்பது சுற்றுலா விசாவில் ஆறு மாதம், அதுவும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. ஆகவே முழங்காலுக்கு 25 சதவீதம் என்று போட்டார். அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை.

அப்பா அம்மா வந்தால் ஆளுக்கு 23 கிலோவில் இரண்டு பெட்டி. ஆக நான்கு. வடாமும் ஊறுகாயும் முறுக்கும் உள்ளே இருப்பதால் எதையும் விட்டுவிட்டு வர முடியாது. செடானின் டிக்கி ஆழம், ஆனால் வாய் சிறிது. ஒய்யின் பின்கதவோ கண்ணாடியோடு மொத்தமாக மேலே எழும். இதை ஏட்டளவில் நம்பாமல் காலிப் பெட்டிகள் நான்கையும் கொரோலாவில் ஏற்றிக்கொண்டு ஷோரூமுக்கே போனார். அங்கிருந்த பையன், ஏர்போர்ட் போகிற வழியா சார் என்று மரியாதையாகக் கேட்டானாம். அப்புறம் டாஹோ ஏரிப் பனி. தரைக்கும் வண்டியின் அடிக்கும் உள்ள இடைவெளி ஒய்யில் ஓர் அங்குலம் கூடுதல், அது பனிக்கு உதவும் என்பது வாதம். அவர் டாஹோ போவது வருஷத்துக்கு ஒருமுறை, பனி இல்லாத நாளாகப் பார்த்து.

அவரைப் பரிகசிப்பவர்களுக்கு அவரிடம் ஒரே பதில் உண்டு. “அமெரிக்க அரசாங்கத்துக்கே தெரியலப்பா, நான் எம்மாத்திரம்?” இது வெறும் சமாளிப்பு அல்ல. மின்சாரக் காருக்கான 7,500 டாலர் வரிச்சலுகைக்கு 2023 ஜனவரியிலிருந்து புது விதி வந்தது. விலை உச்சவரம்பு காருக்கு 55,000 டாலர், எஸ்.யூ.வி.க்கு 80,000. அப்போது மாடல் ஒய் காரா, எஸ்.யூ.வி.யா? வருமானவரித் துறை யோசித்து ஒரு பட்டியல் போட்டது. ஐந்து பேர் உட்காரும் ஒய் கார், அதே ஒய்யில் பின்னால் இரண்டு சின்ன சீட்டுச் செருகி ஏழாக்கினால் எஸ்.யூ.வி.! அதே கதவு, அதே கூரை, அதே ஒரு சாண். ஊரே சிரித்தது. பிப்ரவரி 3-ஆம் தேதி கருவூலத் துறை விதியை மாற்றி, ஐந்து சீட்டு ஒய்யும் எஸ்.யூ.வி.யே என்று அறிவித்தது. ஒரு மாதம் செடானின் ஜாதியில் இருந்த வண்டி ஒரே நாளில் ஜாதி மாறியது. செம்மலின் வாழ்வில் அது பொற்காலம். தன்னைப் போலவே குழம்பி, தன்னைப் போலவே பத்தியைத் திருத்தும் ஓர் அமைப்பு வாஷிங்டனில் இருக்கிறது என்ற ஆறுதல் அவர் முகத்தில் அந்த மாதம் முழுதும் தெரிந்தது.

அந்த ஜனவரியிலேயே கம்பெனி ஒய்யின் ஒரு ரகத்தை 65,990 டாலரிலிருந்து 52,990-க்கு இறக்கியது. 55,000-க்குக் கீழே வந்தாயிற்று, சலுகையும் உண்டு. அன்று வாங்கியவர்கள் பலர். நம்மவர் விலைச் சரிவை ஒரு வரைபடமாகப் போட்டு, கோட்டைக் கீழ்நோக்கி நீட்டி, “இன்னும் எறங்கும்” என்றார்.

2025 செப்டம்பர் 30-ஆம் தேதியோடு 7,500 டாலர் சலுகை ஒழிந்தது. தனியாளாக ஓட்டினாலும் கார்பூல் பாதையில் போகலாம் என்று கலிஃபோர்னியா கொடுத்த ஸ்டிக்கரும் அதே நாளோடு முடிந்தது. அன்றிரவு அவர் எக்செலைத் திறந்து, 7,500-ஐக் கழிக்கும் சூத்திரத்தை இரண்டு பத்தியிலும் அழித்தார். இரண்டுக்கும் சமமாகவே நஷ்டம், ஆகவே ஒப்பீட்டுக்குப் பாதகமில்லை என்று திருப்தியோடு படுத்தார். ஒரே வாரத்தில், அக்டோபர் 7 அன்று, வசதிகளைக் குறைத்து இரண்டிலுமே மலிவு ரகம் விட்டார்கள்: 3-இல் 36,990 டாலர், ஒய்யில் 39,990. அவர் இத்தனை வருஷம் கேட்டுக்கொண்டிருந்தது கிடைத்தது, இரண்டும் ஒரே நாளில் பிறந்தன. ஆனால் இப்போது பத்தி இரண்டல்ல, நான்கு.

இதற்குள் கராஜில் 240 வோல்ட் சார்ஜர் மாட்டிவிட்டார் என்பதைச் சொல்ல மறந்தேன். வண்டி எதுவானாலும் பிளக் ஒன்றுதான் என்பது அவர் மொத்த ஆராய்ச்சியில் எட்டிய ஒரே முடிவு. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அன்றே செய்துவிட்டார். சுவரில் பச்சை விளக்கு எரிகிறது, பக்கத்தில் பெட்ரோல் கொரோலா நிற்கிறது. ஆனால் சார்ஜர் சும்மா இருப்பதில்லை. அவரிடம் யோசனை கேட்டு அரை மணி நேரத்தில் தெளிவடைந்து கார் வாங்கிப்போன தம்பிமார்கள் ஏராளம். அபார்ட்மென்ட்டில் சார்ஜ் வசதி இல்லாதவர்கள் சனிக்கிழமையானால் அவர் வீட்டு வாசலில் வந்து செருகிவிட்டு, காபி குடித்துப் போவார்கள். மின்கட்டணம் செம்மலுடையது.

போன சனிக்கிழமை நான் போனபோது ஒரு 3 செருகியிருந்தது, ஒரு ஒய் முறைக்குக் காத்திருந்தது. இரண்டுக்கும் நடுவே செம்மல் டேப்போடு குனிந்து சக்கர வளைவை அளந்துகொண்டிருந்தார். ஒய்யின் சொந்தக்காரன், வாங்கி இரண்டு மாதம் ஆகாத இளைஞன், தலையைச் சொறிந்தான்.

“அண்ணே, நீங்க சொல்லித்தான் இத வாங்குனேன். குறை ஒண்ணும் இல்ல. ஆனாலும் அந்த 3-ஐயே வாங்கியிருக்கலாமோன்னு ஒரு எண்ணம்...”

செம்மல் நிமிர்ந்தார். முகமெல்லாம் பிரகாசம்.

“உள்ள வா, உக்காரு. லேப்டாப்ப எடுத்துட்டு வரேன்.”