எட்டாம் திணை: உட்காருதலும் உட்காருதல் நிமித்தமும்

கைக்கிளை முதல் பெருந்திணை ஈறாகத் தொல்காப்பியர் கண்டது ஏழு திணை. வெளிநாட்டில் குடியிருக்கும் பிள்ளை, ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவை ஒரு நாள் சுற்றிக்காட்டும் ஒழுக்கம் அந்த ஏழில் எதிலும் அடங்காது. அவர் காலத்தில் விசிட்டர் விசா கிடையாது. ஆகவே குற்றம் அவர்மேல் இல்லை. விடுபட்டுப்போன எட்டாம் திணைக்கு லண்டனைக் களமாக வைத்து இலக்கணம் வகுக்கத் துணிகிறது இக்கட்டுரை.

முதற்பொருளாவது நிலமும் பொழுதும். நிலம், தேம்ஸ் கரையில் வெஸ்ட்மின்ஸ்டர் தொடங்கி டவர் பிரிட்ஜ் வரை. பெரும்பொழுது கோடை, அதாவது ஊர் வெயிலுக்குப் பயந்து விமானம் ஏறியவர்கள் ஜூன் மாதத்தில் ஸ்வெட்டர் கேட்கும் பருவம். சிறுபொழுதில்தான் இலக்கணம் இடறுகிறது. ஜூன் கடைசியில் இங்கே சூரியன் மறைய இரவு ஒன்பதே கால் தாண்டிவிடும். “அப்ப விளக்கேத்துறது எத்தனை மணிக்குடா?” என்ற அம்மாவின் கேள்விக்கு இளம்பூரணரிடமும் விடை இல்லை, நச்சினார்க்கினியரிடமும் இல்லை. அம்மாவே ஒரு முடிவுக்கு வந்தார். ஊரில் மாலை ஆறரை என்றால் இங்கே பகல் இரண்டு. வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தின் நடுவில், 13.7 டன் எடையுள்ள பிக் பென் இரண்டு அடிக்க, வடக்கா கிழக்கா என்று பார்க்காமல் கைகூப்பி நின்றார். இத்திணைக்குரிய பறை இன்னது என்பது அந்தக் கணத்தில் தெளிவாயிற்று.

மற்றக் கருப்பொருள்களைச் சுருங்கச் சொல்லலாம். தெய்வம், கைபேசி வரைபடத்து நீலப்புள்ளி. சுரங்க ரயிலுக்கு இறங்கினால் மறைந்துவிடும். உணா, புளியோதரை. மரம், ஆற்றங்கரை நெடுகிலும் நிற்கும் பிளேன் மரம். கொய்யா மரம்போலப் பட்டை உரிந்து நிற்பது. தொழில், பெருக்கல். அப்பா எதைப் பார்த்தாலும் நூற்றால் பெருக்கி, “மேல கொஞ்சம்” என்று சேர்த்துக்கொள்வார். மூன்று பவுண்டு டீ அவர் வாய்க்குள் போகும்போது முந்நூற்றுச் சொச்சம் ரூபாய் ஆகியிருக்கும். அதனால் ஆறவிட்டு, மிச்சம் வைக்காமல் குடிப்பார்.

புள் பற்றிக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். லண்டன் டவரில் அண்டங்காக்கை வளர்க்கிறார்கள். ஆறுக்குக் குறையாமல் இருக்க வேண்டும், அவை போய்விட்டால் ராஜ்ஜியம் விழும் என்பது ஐதிகம். பார்த்துக்கொள்ளத் தனியாக ஓர் அதிகாரி. “இங்க அரசாங்கமே காக்காய்க்குச் சோறு வைக்குது பாரு” என்று அம்மா நெகிழ்ந்துபோனார். வைப்பது பச்சை இறைச்சியும் ரத்தத்தில் ஊறிய பிஸ்கட்டும் என்பதை ஆய்வாளர் அவரிடம் சொல்லவில்லை. அமாவாசை கெட்டுவிடும்.

அதே டவரில்தான் கோஹினூரும் இருக்கிறது. கிரீடங்களுக்கு முன்னால் நகரும் பட்டை போட்டிருக்கிறார்கள். நின்றால் அதுவே இழுத்துக்கொண்டு போய் அந்தப் பக்கம் விட்டுவிடும். அப்பா கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் பார்த்து ஓய்வுபெற்றவர். 1849-ல் பஞ்சாபைப் பிடித்தபோது கல்லையும் எடுத்துக்கொண்டார்கள் என்றதற்கு அவர் பெரிதாக அசையவில்லை. இங்கே கொண்டுவந்து, 1852-ல் இளவரசர் ஆல்பர்ட் மேற்பார்வையில் மறுபடி பட்டை தீட்டியதில், 186 காரட் இருந்தது 105.6 ஆகிப்போனது என்று கேட்டதும்தான் முகம் மாறியது. “எண்பது காரட்டா? எந்தக் கடையிலடா இவ்வளவு சேதாரம் போடுவான்?” திரும்பவும் வரிசையில் போய் நின்று, இன்னொரு முறை பட்டையில் ஏறிக் கல்லை உற்றுப் பார்த்துவிட்டு வந்தார். காலனியாதிக்கத்தைப் பற்றி எத்தனையோ நூல்கள் வந்துவிட்டன. சேதாரக் கணக்கை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இனி உரிப்பொருள். குறிஞ்சிக்குப் புணர்தல், முல்லைக்கு இருத்தல் என்றாற்போல எட்டாம் திணைக்கு உட்காருதலும் உட்காருதல் நிமித்தமும். அரண்மனை, அருங்காட்சியகம், பாலம் எல்லாம் ஒரு பெஞ்சிலிருந்து அடுத்த பெஞ்சுக்குப் போகும் வழியில் எதிர்ப்படுபவையே. உயரத்தால் இவ்விதி மாறாது. 2000-ஆம் ஆண்டு திறந்த லண்டன் ஐ ராட்டினம் அரை மணி நேரத்தில் ஒரு சுற்று சுற்றி 135 மீட்டர் உயரத்துக்குத் தூக்கிப்போகிறது. ஊரே கண்ணாடிக்கு வெளியே விரிந்து கிடக்க, அப்பா கண்டுபிடித்தது கூண்டின் நடுவே இருந்த மர பெஞ்சைத்தான்.

பூங்கா பெஞ்சுகளில் வேறொரு நுட்பம் உண்டு. பலவற்றில் இறந்துபோன ஒருவர் பெயரைப் பித்தளைத் தகட்டில் பொறித்திருப்பார்கள், இந்த இடம் அவருக்குப் பிடிக்கும் என்று. கோயில் டியூப்லைட்டில் உபயதாரர் பெயர் படித்துப் பழகிய அப்பா, கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றையும் படிப்பார். வயதைக் கணக்குப் போடுவார். ஐம்பதுக்குள் போனவர் என்றால் அந்த பெஞ்சில் உட்காரமாட்டார். அம்மா அதற்குள் உட்கார்ந்து புளியோதரை டப்பாவைத் திறந்திருப்பார். “அவங்க உக்காரத்தானே போட்டிருக்காங்க, வாங்க.”

புறனடை: டவர் ஹில்லிலிருந்து ஈஸ்ட்ஹாம் போகும் டிஸ்ட்ரிக்ட் லைன் ரயில், மாலை ஐந்தரைக் கூட்டம். ஒரு பெண் எழுந்து அம்மாவுக்கு இடம் கொடுத்தாள். நாள் முழுக்க உட்கார இடம் தேடியவர், “வேண்டாம்மா, நீ உக்காரு” என்று தமிழிலேயே சொல்லிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். “வேலைக்குப் போயிட்டு வருது, பாவம்” என்று என்னிடம் விளக்கம். அந்தப் பெண்ணும் திரும்ப உட்கார மறுத்துவிட்டாள். இருவரும் நிற்க, நடுவில் சீட் காலி. ஒயிட்சேப்பலில் காதில் இயர்போனோடு ஏறிய ஒருவன் அதில் உட்கார்ந்தான். ஈஸ்ட்ஹாம் வரும்வரை அம்மா அவனை முறைத்துக்கொண்டே வந்தார்.