கண் எடுத்தால் படம் கெடும்

இன்றைய படப்பிடிப்பில் கேமராவுக்குப் பின்னால் நிற்பவர்களைவிட மானிட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் அதிகம். டைரக்டர், அசோசியேட், காஸ்ட்யூமர், மேக்கப்மேன், தயாரிப்பாளர் தரப்பு ஆட்கள் என்று கறுப்புத் துணிக் கூடாரத்துக்குள் ஒரு கூட்டமே இருக்கிறது. ஷாட் ஓடும்போதே எல்லோரும் படத்தைப் பார்த்துவிடுகிறார்கள். நான் கேமரா உதவியாளனாகக் கோடம்பாக்கத்தில் சேர்ந்த எண்பதுகளில் அந்தப் படத்தை ஒரே ஒருவர்தான் பார்த்தார். அதுவும் ஒற்றைக் கண்ணால். லேபிலிருந்து ரஷ் வந்து திரையில் ஓடும்வரை அவர் சொன்னதே சாட்சி, அவர் சொன்னதே தீர்ப்பு.

அன்று அந்த ஒற்றைப் பார்வையைக் கொடுத்ததும், இன்று அதை யூனிட் முழுக்கப் பங்கிட்டதும் ஜெர்மனியின் மியூனிக் நகரத்தில் உள்ள ஒரே கம்பெனிதான். ஆரி.

ஆகஸ்ட் ஆர்னால்ட், ராபர்ட் ரிக்டர் என்ற இரண்டு நண்பர்கள் 1917-ல் தொடங்கியது அது. முதல் உலகப்போர் இன்னும் முடியவில்லை. இருவருக்கும் இருபது வயது நிரம்பவில்லை. மியூனிக்கின் டூர்க்கன் தெருவில் ஒரு சின்ன இடத்தைப் பிடித்து இயந்திர வேலை பார்த்தார்கள். முதலில் செய்தது கேமரா இல்லை. நெகடிவிலிருந்து பிரதி எடுக்கும் பிரின்டிங் மெஷின். இரண்டு பேரும் கேமராமேன்களாகவும் வேலை செய்தவர்கள் என்பதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். வெயிலில் நின்று, தோள் வலிக்கப் படம் பிடித்துவிட்டு, மறுநாள் பட்டறைக்கு வந்து லேத்தைப் பிடித்தவர்கள் அவர்கள். 1924-ல் வந்த கினாரி என்ற முதல் கேமரா கையால் சுற்றுகிற சிறிய பெட்டி. அதில் பெரிய புதுமை எதுவும் கிடையாது. பதின்மூன்று வருடம் கழித்து வந்தது வேறு.

அதைச் சொல்வதற்கு முன்னால், அதுவரை கேமராமேன்கள் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். லென்ஸ் வழியாக வரும் வெளிச்சம் பிலிமுக்குப் போகிறது. அப்படியானால் கேமராமேன் எதைப் பார்ப்பது? பெரும்பாலான கேமராக்களில் பக்கவாட்டில் ஒரு தனி வியூஃபைண்டர் இருக்கும். அது லென்ஸுக்குச் சற்று விலகி இருப்பதால், அதில் தெரிவது ஒன்று, பிலிமில் விழுவது இன்னொன்று. கிட்டத்தில் குளோசப் எடுத்தால் தலை வெட்டுப்படும். ஃபோகஸ் சரியா என்று அதில் கண்டுபிடிக்கவே முடியாது. ஸ்டுடியோக்களில் ராஜாவாக இருந்த அமெரிக்க மிட்செல் கேமராவில், ஷாட்டுக்கு முன் கேமரா உடம்பையே பக்கவாட்டில் நகர்த்தி, லென்ஸ் வழியாக ஒருமுறை பார்த்துக்கொண்டு, பிறகு பழைய இடத்துக்குத் தள்ளிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். டேக் ஓடும்போது மறுபடியும் அந்தப் பக்கவாட்டு ஃபைண்டர்தான் கதி. சில கேமராக்களில் ஓடுகிற பிலிமின் வழியாகவே மங்கலாகப் பார்த்தார்கள். எல்லாம் ஊகமும் அனுபவமும் கலந்த கணக்கு.

1937-ல் லைப்ஸிக் வசந்தச் சந்தையில் ஆரி வைத்த ஆரிஃப்ளெக்ஸ் 35 இந்தக் கணக்கை முடித்து வைத்தது. தலைமை வடிவமைப்பாளர் பெயர் எரிக் கேஸ்ட்னர். ஜெர்மன் சிறுவர் நாவல்களால் புகழ்பெற்ற எழுத்தாளருக்கும் அதே பெயர்தான். இவர் வேறு ஆள். பிலிமுக்கு முன்னால் சுழலும் ஷட்டரின் முகத்தைக் கண்ணாடியாக்கி, அதை 45 டிகிரி சாய்வில் நிறுத்தினார்கள். ஷட்டர் திறக்கும் கணத்தில் வெளிச்சம் நேராகப் பிலிமில் விழும். ஷட்டர் மூடி, பிலிம் அடுத்த ஃபிரேமுக்கு இறங்கும் கணத்தில் அதே வெளிச்சம் கண்ணாடியில் பட்டுத் திரும்பி வியூஃபைண்டருக்கு வரும். விநாடிக்கு 24 முறை இந்தக் கைமாற்று நடக்கிறது. வெளியே சிந்திப் போய்க்கொண்டிருந்த வெளிச்சத்தைத் திருப்பிக் கேமராமேனின் கண்ணுக்குக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். அதோடு, கையில் தூக்கி ஓடக்கூடிய எடை. மோட்டாரே அடியில் கைப்பிடியாக நிற்கும். முன்னால் மூன்று லென்ஸ் மாட்டிய டரெட்.

இந்தக் கேமராவின் முதல் புகழ் நல்ல இடத்தில் கிடைக்கவில்லை. அதை மறைத்து எழுதுவது சரியில்லை. ஹிட்லரின் ராணுவத்தோடு போன பிரசாரப் படப்பிடிப்பாளர்கள் கையில்தான் அது உலகம் சுற்றியது. போர்க்களத்துச் செய்திப் படங்களில் அந்தக் கண்ணாடி பார்த்ததை ஒரு தேசம் கொட்டகையில் உட்கார்ந்து பார்த்தது. 1944 குண்டுவீச்சில் டூர்க்கன் தெருக் கட்டடம் இடிந்தது. போர்க்களத்தில் கைப்பற்றிய ஆரிஃப்ளெக்ஸ்களை எதிர்த்தரப்பு வீரர்கள் எடுத்துப் போனார்கள். அமெரிக்காவில் அதைப் பார்த்து சினிஃப்ளெக்ஸ் என்று நகலே செய்தார்கள். தோற்ற நாட்டின் கேமரா ஜெயித்த நாட்டின் சினிமாவுக்குள் இப்படித்தான் நுழைந்தது. 1947-ல் ஹம்ஃப்ரி போகார்ட் நடித்த 'டார்க் பாசேஜ்' படத்தில் நெடுநேரம் கதாநாயகன் முகத்தையே காட்டாமல், அவன் கண் பார்ப்பதாகவே காட்சிகள் போகும். கையில் பிடித்த ஆரிஃப்ளெக்ஸில் எடுத்தவை அவை. 1948-ல் ராபர்ட் ஃபிளஹெர்ட்டியின் 'லூசியானா ஸ்டோரி'யும் இந்தக் கேமராவில்தான்.

அறுபதுகளின் நடுவில் வந்தது ஆரிஃப்ளெக்ஸ் 2சி. எங்கள் தலைமுறைக்கு ஆரி என்றால் 2சி-தான்.

மதராஸில் அவுட்டோர் யூனிட் வேனின் பின்கதவைத் திறந்தால் முதலில் இறங்குவது அதன் அலுமினியப் பெட்டி. எனக்கு முதலில் கிடைத்த வேலை மேகசின் லோடிங். கறுப்புச் சேஞ்சிங் பேகுக்குள் இரண்டு கையையும் முழங்கைவரை விட்டு, வெளியே கண் எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்க, விரல்நுனி மட்டும் பிலிமின் துளைகளைத் தடவித் தடவிப் பல்சக்கரத்தில் ஏற்ற வேண்டும். மேகசின் வாய்க்கு வெளியே சரியான அளவு லூப் விட வேண்டும். குறைந்தால் பிலிம் கிழியும், கூடினால் உரசிக் கீறல் விழும். சித்திரை வெயிலில் பேகுக்குள் வியர்வை ஒரு சொட்டு நெகடிவில் பட்டால் லேபில் அது கறையாகத் தெரியும். 400 அடி மேகசின் நாலரை நிமிடத்துக்கும் குறைவாகத்தான் ஓடும். நீளமான வசனக் காட்சி என்றால் எத்தனை அடி மிச்சம் என்பதை லோடர் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே நிற்பான். ஓகே ஆன ஷாட்டுக்குப் பிறகு "கேட் செக்!" என்று குரல் வரும். லென்ஸைக் கழற்றி, டார்ச் அடித்து, பிலிம் கடக்கும் கேட்டின் ஓரத்தில் பிலிம் துகளோ முடியோ ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து "கிளீன் சார்" என்று சொன்ன பிறகுதான் லைட்மேன் அடுத்த இடத்துக்கு நகர்வார்.

கண்ணாடி ஷட்டருக்கு ஒரு நிபந்தனை உண்டு. வியூஃபைண்டருக்கு வெளிச்சம் போகும் பாதை திறந்திருப்பதால், கண்ணை எடுத்தால் அதே பாதையில் வெளியிலிருந்து வெளிச்சம் உள்ளே புகுந்து நெகடிவ் ஃபாக் ஆகிவிடும். என் குருவாக இருந்த கேமராமேன் முதல் நாளே சொன்னார்: "தம்பி, பாம்பே கடிச்சாலும் கட் சொல்றவரைக்கும் ஐபீஸ்ல இருந்து கண்ணை எடுக்காதே." ரப்பர் ஐகப்பில் கண் பதிந்து, டேக் முடிந்து அவர் நிமிரும்போது புருவத்தைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வளையம் இருக்கும். டைரக்டர் அவரைத்தான் பார்ப்பார்.

"எப்படிண்ணே?"

"ஒன் மோர் போயிடலாம் சார். கடைசில லுக் தப்பிடுச்சு."

யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். வேறு யாருக்கும் தெரியாதே! நெகடிவ் விலை அதிகம். ஒன் மோர் கேட்பதற்கும் நியாயம் வேண்டும், போதும் என்று சொல்வதற்கும் தைரியம் வேண்டும். அந்தப் பொறுப்பைத் தூக்கிய ஆட்களை நான் கிட்ட இருந்து பார்த்திருக்கிறேன். அவர்கள் மேல் எனக்கு இன்றும் குறையாத மரியாதை இருக்கிறது.

2சி-யின் ஒரு குணம் தமிழ் சினிமாவின் குரலையே மாற்றியது. அது ஓடும்போது தையல் மெஷின் ஓடுவதுபோல் கடகடவென்று சத்தம் போடும். சத்தத்தை அடக்க பிளிம்ப் என்ற கனத்த உறை உண்டு; அதை மாட்டினால் கையில் தூக்கி ஓடும் லாபமே போய்விடும். ஆகவே சத்தம் போட்டால் போடட்டும், வசனத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று இந்திய சினிமா முடிவு செய்தது. ஸ்பாட்டில் வழிகாட்டியாகப் பைலட் டிராக் மட்டும். உண்மையான வசனம் டப்பிங் தியேட்டரில். ஸ்டுடியோவின் நான்கு சுவரைத் தாண்டி வயலுக்கும் ஆற்றுக்கும் கடைத்தெருவுக்கும் நம் படங்கள் தாராளமாகப் போக முடிந்ததில் இந்த முடிவுக்குப் பங்கு உண்டு. பின்குரல் கலைஞர்கள் என்று ஒரு தொழிலே வளர்ந்ததற்கும், தமிழ் தெரியாத நாயகிகள் தமிழ்ப் படங்களில் தடையில்லாமல் நடித்ததற்கும்கூட.

இதில் எனக்குத் தீராத வியப்பு ஒன்று. மியூனிக்கில் சத்தமில்லாத 35பிஎல் கேமராவை 1972-லேயே செய்துவிட்டார்கள். அந்த ஊரில் ஒலிம்பிக் நடந்த வருடம் அது. ஆனால் நாம் 2சி-யை விடவில்லை. விலை குறைவு, உதிரிபாகம் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் பிரித்துப் பூட்டுவார். அதற்குள் டப்பிங் நமக்குப் பழகியும் போயிருந்தது. இன்று இருக்கும் டிஜிட்டல் ஆரியில் பக்கத்தில் காது வைத்தாலும் சின்ன விசிறிச் சத்தம்தான் கேட்கும். நேரடி ஒலியில் எடுக்கும் படங்கள் கூடியிருக்கின்றன, ஆனாலும் இன்றும் நம் படங்கள் பெரும்பாலும் டப்பிங் தியேட்டருக்குத்தான் போகின்றன. கேமரா வாயை மூடிப் பல வருடமாகிறது. அது போட்ட சத்தத்துக்காக நாம் செய்துகொண்ட ஏற்பாடு மட்டும் நிலைத்துவிட்டது. நடிகர் அந்த இடத்தில், அந்தக் கணத்தில் பேசிய மூச்சு கலந்த குரலை இழக்கிறோம் என்பது என் உறுதியான எண்ணம்.

ஆர்னால்டுக்கும் கேஸ்ட்னருக்கும் அந்தச் சுழல் கண்ணாடிக்காக 1982-ம் ஆண்டுக்கான ஆஸ்கர் கிடைத்தது. கண்டுபிடித்து நாற்பத்தைந்து வருடம் கழித்து. ரிக்டர் அதைப் பார்க்கவில்லை, 1972-லேயே போய்விட்டார். ஆர்னால்டும் 1983-ல் காலமானார்.

பிறகு 535, 435 என்ற மாடல்கள் வந்தன. 435 வந்த காலத்தில் வியூஃபைண்டர் படத்தைச் சின்ன மானிட்டரில் காட்டும் வீடியோ அசிஸ்டும் நம் யூனிட்களில் பரவியது. துடிக்கிற சின்னப் படம். அதை வைத்து ஃபிரேம் பார்க்கலாம், லைட்டையோ ஃபோகஸையோ நம்ப முடியாது. கேமராமேனின் சொல் கொஞ்சம் தளர்ந்தது, போய்விடவில்லை.

2005-ல் ஆரி தன் முதல் டிஜிட்டல் கேமரா டி-20-ஐக் கொண்டுவந்தபோது அதற்குள்ளும் சுழலும் கண்ணாடியை வைத்திருந்தார்கள். பிலிம் போய் சென்சார் வந்தாலும் கேமராமேன் வெளிச்சத்தையே பார்க்கட்டும் என்ற பிடிவாதம் அது. 2010-ல் வந்த அலெக்ஸாவில் கண்ணாடி இல்லை. வியூஃபைண்டரில் தெரிவது சென்சார் தரும் மின்னணுப் படம். அதே படம் கேபிளில் எந்த மானிட்டருக்கும் போகும். உலகமே அலெக்ஸாவைக் கொண்டாடியது, நானும் சேர்த்துத்தான். நாங்கள் 100 ஏஎஸ்ஏ நெகடிவை வைத்துக்கொண்டு, ஒரு கிராமத்து ராத்திரிக்கு ஜெனரேட்டரும் பெரிய பெரிய விளக்குகளும் இறக்குவோம். அலெக்ஸாவின் அடிப்படை வேகமே 800. திண்ணையில் எரியும் ஒரு குண்டு பல்பில் ஒரு கிழவியின் கறுத்த முகம் அதன் எல்லாச் சாயலோடும் பதிகிறது. நம் முகங்களுக்கு இவ்வளவு நியாயம் செய்த கேமரா வேறு இல்லை என்றே சொல்வேன்.

அதற்குப் பிறகு ஆரி இன்னொரு முயற்சி செய்தது. அலெக்ஸா ஸ்டுடியோ என்ற மாடலில் கண்ணாடி ஷட்டரைத் திரும்பக் கொண்டுவந்தது. ரோஜர் டீக்கின்ஸ் ஒளிப்பதிவு செய்த 'ஸ்கைஃபால்' அந்தக் கேமராவையும் பயன்படுத்திய படம். ஆனால் விலை கூட, எடை கூட. நம் ஊர் வாடகைப் பட்டியல்களில் நான் அதைப் பார்த்ததில்லை. இன்றைய அலெக்ஸாக்களில் கண்ணாடி இல்லை. 2011 வாக்கில் புதிய பிலிம் கேமரா செய்வதை ஆரி நிறுத்தியது. 2012-ல் கோடாக் திவாலுக்கு மனுப்போட்டது. 2013-ல் ஃபியூஜி சினிமா நெகடிவை நிறுத்தியது. 2019-ல் ஆரியே டூர்க்கன் தெருவை விட்டு நகரின் வேறு பகுதியில் கட்டிய புதிய கட்டடத்துக்குக் குடிபோனது.

திரைப்படம் படிக்கும் பிள்ளைகளுக்கு அவ்வப்போது வகுப்பெடுக்கப் போகிறேன். ஒரு பழைய 2சி-யில் வேஸ்ட் நெகடிவ் ஏற்றி ஓட்டிக் காட்டுவேன். ஐபீஸில் கண் வைத்த ஒரு பெண், "சார், படம் துடிக்குதே, ரிப்பேரா?" என்று கேட்டாள். "இல்லம்மா, நீ பார்க்கிற நேரத்துல பிலிம் பார்க்கல. பிலிம் பார்க்கிறப்போ உனக்கு இருட்டு. அதான் துடிக்குது" என்றேன். கட் சொல்லும்வரை அவள் கண்ணை எடுக்கவில்லை.

இப்போது வடபழனிப் பக்கம் 2சி-க்களை காபிக் கடை அலமாரிக்கும் வீட்டு வரவேற்பறைக்கும் அலங்காரப் பொருளாக வாங்கிப் போகிறார்கள். உள்ளே கண்ணாடி கீறிப்போய், மோட்டார் கழற்றப்பட்டு நிற்கின்றன. அவற்றைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த மெக்கானிக்குகளுக்கு வயதாகிறது. சினிமா கற்றுக்கொடுக்கும் ஒவ்வோர் இடத்திலும் ஓடும் நிலையில் ஒரு 2சி, இரண்டு மேகசின், ஒரு சேஞ்சிங் பேக் இருக்க வேண்டும் என்று கேட்கிறேன். காலாவதியான நெகடிவ் போதும், அது பழைய குடோன்களில் இன்னும் கிடைக்கிறது. அந்த மெக்கானிக்குகளைக் கூப்பிட்டு, மோட்டாரையும் கண்ணாடியையும் பராமரிக்கப் பிள்ளைகளில் இரண்டு பேருக்காவது கற்றுக்கொடுக்கச் சொல்ல வேண்டும். இந்த வருடமே செய்தால் நல்லது.