முதல்வாய்க் கோட்பாடு: விசித்திர ஒயின்களின் சுவை பிறக்கும் இடம் குறித்து

ஒயினின் சுவை எங்கே குடியிருக்கிறது என்ற வழக்கில் மூன்று கட்சிகள் உண்டு. விளைந்த மண்ணில் என்பர் பிரெஞ்சுத் தோட்டக்காரர். திராட்சையின் இனத்தில் என்பர் கலிஃபோர்னியர். மூக்கின் உச்சியில் இருக்கும் நரம்புகளில் என்பர் உடலியலார். மூன்று கட்சிக்கும் பொதுவான குறை ஒன்று: ஒருவர் தனியே உட்கார்ந்து குடிப்பதாக வைத்துக்கொண்டே மூன்றும் பேசுகின்றன. விசித்திரமான ஒயினை யாரும் தனியே குடிப்பதில்லை. அதற்கென்றே பாரிஸின் 11-ஆம் வட்டாரம் போன்ற இடங்களில் ஒயின் பார்கள் இருக்கின்றன. நாலு பேர் கூடி, சுவரில் மாட்டிய கரும்பலகையில் சாக்பீஸால் எழுதியிருப்பவற்றில் வாயில் நுழையாத பெயராகப் பார்த்து ஒன்றைக் கேட்டு வாங்கி, ஆளுக்கொரு மடக்கு உறிஞ்சி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும் இடம் அது. அந்தப் பார்வைக்கும் அடுத்து எழும் முதல் சொல்லுக்கும் இடைப்பட்ட நொடிகளில் ஒயினுக்குச் சுவையே கிடையாது. முதலில் வாய் திறப்பவர் சொல்வதே அதன் சுவையாக நிலைபெறுகிறது என்பது இக்கட்டுரையின் துணிபு. அவரை இனி 'முதல்வாய்' என்று வழங்குவோம்.

துணிபை நிறுவ மிகவும் ஏற்றது, கிழக்குப் பிரான்சில் ஸ்விட்சர்லாந்து எல்லையை ஒட்டிய ஜூரா பகுதியின் 'வான் ஜோன்' என்னும் மஞ்சள் ஒயின். மற்ற ஊர்களில் பீப்பாயில் ஒயின் ஆவியாகிக் குறையக் குறைய, காற்றுப் பட்டுக் கெட்டுவிடாமல் மேலே ஊற்றி நிரப்பிக்கொண்டே இருப்பார்கள். ஜூராவில் குறைந்தால் குறையட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். காய்ச்சிய பாலில் ஆடை படிவதுபோல் ஒயினின் மேல் ஈஸ்ட் படலம் படர்ந்து அதைக் காக்கிறது. திராட்சை அறுவடையிலிருந்து ஆறு ஆண்டு மூன்று மாதமாவது ஆன பிறகே அதைப் புட்டியில் அடைக்கலாம் என்பது சட்டம். புட்டியும் வழக்கமான 75 சென்டிலிட்டர் அல்ல. 'கிளாவ்லேன்' என்னும் 62 சென்டிலிட்டர் குட்டைப் புட்டி. ஒரு லிட்டர் ஒயின் இத்தனை ஆண்டு கிடந்தால் மிஞ்சுவது அவ்வளவுதான் என்று அதற்குக் காரணம் சொல்வார்கள். கிளாஸுக்கு 12 சென்டிலிட்டர் ஊற்றினால் ஐந்து கிளாஸ் போக 2 சென்டிலிட்டர் மிஞ்சும். அந்த மிச்சம் யாருக்குப் போகிறது என்பது தனி ஆய்வுக்குரியது.

இந்த ஒயினின் மணத்துக்கு முதன்மைக் காரணம் சோட்டலான் என்ற சேர்மம். நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் வெந்தயத்துக்கு அதன் வாசனையைத் தருவதும் இதே சோட்டலான்தான். வெந்தயம் நிறையத் தின்றவரின் வியர்வையில் எழும் வாசனைக்கும் இதுவே பொறுப்பு. குறைவாக இருக்கும்போது கருகிய சர்க்கரைப் பாகுபோலவும், கூடும்போது வெந்தயம், கறிமசாலா போலவும் மணக்கும். இப்போது மேசைக்கு வருவோம். முதல்வாய் 'அக்ரூட்' என்றால் மற்ற மூவரும் கிளாஸைச் சுழற்றி மூக்கை உள்ளே விட்டு அக்ரூட்டைக் கண்டெடுக்கிறார்கள். 'கறி' என்றால் கறி கிடைக்கிறது. 'பாகு' என்றால் அதுவும் கிடைக்கிறது. மேசையில் தமிழர் ஒருவர் இருந்து அவர் முந்திக்கொண்டால் வெந்தயம் வென்றுவிடும். பெரும்பாலும் மரியாதைக்காக மற்றவர் சொல்லட்டும் என்று காத்திருந்து தோற்கிறார். மூலக்கூறு அப்போதும் இப்போதும் ஒன்றே.

இங்கே வேதியியலார் குறுக்கிடுவர்: 'சோட்டலான் கிளாஸில் உண்மையாகவே இருக்கிறதே, அதை ஒருவரும் பேச்சால் உண்டாக்கவில்லையே?' எனின், அது நம் கட்சிக்கு வலுவே அன்றி ஊறு அன்று. கிளாஸில் இருப்பது மணம். சுவை என்று நாலு பேர் ஒத்துக்கொள்வது அதன் பெயர். மணம் பல பெயர்களுக்கு இடம் கொடுத்துக் காத்திருக்கிறது. வேதியியல் வேட்பாளர் பட்டியலைத் தயாரிக்கிறது, வாக்கு முதல்வாயுடையது. பட்டியலிலேயே இல்லாத பெயரை அவர் சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று கேட்கலாம். மீன் என்று சொன்னால் மீன் வராது என்பதை இக்கட்டுரை ஒப்புக்கொள்கிறது. ஆனால் மூன்றாவது கிளாஸுக்குப் பிறகு அதையும் உறுதியாகச் சொல்வதற்கில்லை.

துணிபுக்கு வெளிச்சான்று தேடினால் போர்தோ நகரிலேயே கிடைக்கிறது. மொரோ, புரோஷே, துபோர்தியூ ஆகிய மூவர் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், ஒயின் படிப்புப் படிக்கும் 54 மாணவர்களுக்கு ஒரே வெள்ளை ஒயினை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் மணமற்ற சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். சாயம் போட்டதை மாணவர்கள் சிவப்பு ஒயினுக்கு உரிய சொற்களால் வருணித்தார்கள். இதை மூக்கின் தோல்வி என்று பலரும் எழுதினர். அது மேலோட்டமான வாசிப்பு. அங்கே முதல்வாயாக இருந்தது நிறம். கண் முந்திக்கொண்டு 'சிவப்பு' என்று சொல்லிவிட்டது, மூக்கு ஆமோதித்தது. பேச்சு துணைக்கு வராவிட்டால் மூக்கின் கதி என்ன என்பதற்கு மறுமுனைச் சான்று கலிஃபோர்னியாவில் இருக்கிறது. அந்த மாநிலக் கண்காட்சியின் ஒயின் போட்டியில் ராபர்ட் ஹாட்ஜ்சன் என்பவர் ஒரே புட்டியிலிருந்து மூன்று மாதிரிகளை நடுவர்களுக்குத் தெரியாமல் இடையிடையே வைத்துப் பார்த்தார். 2008-இல் வெளியான முடிவின்படி, மூன்றுக்கும் ஒரே தரத்தைக் கொடுத்தவர்கள் பத்தில் ஒரு பங்கு நடுவர்களே. முதல்வாய் இல்லாத இடத்தில் மனிதன் தன்னோடு தானே உடன்படுவதில்லை. நாலு நண்பர்கள் ஐந்தே நிமிடத்தில் ஒருமனதாகும் மேசையை இதனோடு ஒப்பிட்டுப் பார்த்தால் முதல்வாய் ஆற்றும் பொதுத்தொண்டு விளங்கும்.

ஏன் விசித்திர ஒயின்? போர்தோ ஒயினிலோ ஷாம்பெயினிலோ இந்த விதியைப் பார்க்க முடியாதா? முடியும், ஆனால் மங்கலாக. பேர்பெற்ற ஒயினைப் பற்றி விலையும் லேபிலும் மாமனாரும் முன்பே பேசி முடித்துவிட்டார்கள். மேசையில் வாய் திறப்பவர் எவ்வளவு விரைந்தாலும் நாலாமவர்தான். இத்தாலியின் வடகிழக்கு ஓரத்தில், ஸ்லோவேனியா எல்லையில் உள்ள ஒஸ்லாவியாவில் யோஷ்கோ கிராவ்னர் செய்வதைப் பாருங்கள். வெள்ளைத் திராட்சையைத் தோலோடு மாதக்கணக்கில் ஊறவிடுகிறார். அதுவும் ஜார்ஜியாவிலிருந்து வரவழைத்து மண்ணில் புதைத்த பெரிய மண்தாழிகளில். ஜார்ஜியரின் இந்தத் தாழிமுறையை யுனெஸ்கோ 2013-இல் மரபுப் பட்டியலில் சேர்த்தது. வெளிவரும் ஒயின் வெள்ளையுமல்ல, சிவப்புமல்ல. ஆறிப்போன பிளாக் டீயின் நிறம். போர்தோ மாணவரை ஏமாற்றிய கண் இங்கே வாயடைத்து நிற்கிறது, பேர் இல்லை, முன்கேள்வி இல்லை. அதிகார வெற்றிடம் உண்டாகிறது. அதில் மனித முதல்வாய் முழு அதிகாரத்தோடு அமர்கிறார். கிரேக்க ரெட்சினா இந்த ஆய்வுக்கு உதவாது. பைன் மரப் பிசின் போட்டது என்று உலகுக்கே தெரியும். எல்லாரும் ஒரே நேரத்தில் 'பைன்' என்பார்கள். முதிர்ந்த ரீஸ்லிங்கின் மண்ணெண்ணெய் வாடையும் அப்படியே.

அஃதேல் தொழில்முறைச் சுவைஞர் எப்படி ஒத்த சொற்களைப் பேசுகிறார்கள் என்பர் ஒரு சாரார். அவர்களுக்கும் ஒரு முதல்வாய் உண்டு; அது அச்சடித்தது. டேவிஸ் நகரில் உள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஆன் நோபிள் 1984-இல் ஒயின் மணங்களை ஒரு சக்கரமாக வரைந்து வெளியிட்டார். உள்வட்டத்தில் பழம், மசாலா என்று பொதுப்பிரிவுகள். வெளிவட்டத்தில் எலுமிச்சை, கிராம்பு முதல் மண்ணெண்ணெய், நனைந்த நாய் வரை. அதைப் படித்தவர் எங்கே போனாலும் அவருக்கு முன்னால் சக்கரம் பேசிவிட்டிருக்கும். மேலும், போட்டி நடுவர்கள் குறிப்பை எழுதி முடிக்கும்வரை பேசக்கூடாது என்று கட்டுப்பாடு வைக்கிறார்களே, அது எதற்கு? பேச்சுக்கு ஆற்றல் இல்லையென்றால் வாயைக் கட்டுவானேன்? எதிர்க்கட்சி நமக்கு எழுதிக் கொடுத்த ஒப்புதல் கடிதமாகவே அந்த விதியைக் கொள்ளலாம். தனியே குடிப்பவருக்கு என்ன பதில் என்றால், அவர் புட்டியின் பின்புற லேபிலைப் படித்துவிட்டுத்தான் குடிக்கிறார்.

இந்த விதி புதியதும் அல்ல. யவனர் கொண்டுவந்த ஒயினைத் தமிழர் பருகிய செய்தி புறநானூற்றின் 56-ஆம் பாட்டில் இருக்கிறது. பாண்டியன் நன்மாறனைப் பாடும் நக்கீரர் அதைக் குளிர்ச்சியும் மணமும் உடையது என்கிறார். அக்கால மத்தியதரைக் கடல் ஜாடிகளின் உட்புறம் பைன் கீல் பூசி வந்தார்கள். அரிக்கமேட்டில் கிடைத்த ஜாடித் துண்டுகளில் கோஸ் தீவுப் பாணியைச் சேர்ந்தவையும் உண்டு. கோஸ் ஒயினின் அடையாளமே அதில் கடல்நீர் கலப்பது. அதைச் செய்யும் முறையை ரோமானியரான கேட்டோ எழுதிவைத்திருக்கிறார். பாண்டியன் கையில் இருந்தது எந்தத் தீவின் சரக்கு என்று சொல்ல முடியாது. ஆனால் கீலும் உப்புமாகக் கப்பலில் பல மாதம் வெயிலில் வந்த பானம் ஒன்று அவைக்கு வந்திருந்தால், அங்கே ஒருவர் முந்திக்கொண்டு 'மணமுடையது' என்றதும், அதற்குப் பிறகு வந்த உரையாசிரியர் யாரும் மறுக்காததும் கவனிக்கத் தக்கவை. சொன்னவரோ நக்கீரர், குற்றம் சொல்வதற்குப் பேர்போன அவரே பாராட்டிவிட்ட பிறகு வேறு யார் வாய் திறப்பார்?

எஞ்சுவது நடைமுறைக் கேள்வி. விதி உண்மையானால், மேசையில் யார் முதலில் பேச வேண்டும்? யூதரின் பழைய சட்ட மரபில், உயிர்த்தண்டனை வழக்குகளில் இளைய நீதிபதிகளிடமிருந்தே கருத்துக் கேட்கத் தொடங்குவார்கள். மூத்தவர் முதலில் சொல்லிவிட்டால் மற்றவர் மாறிச் சொல்லத் தயங்குவர் என்பதற்காக. ஒயின் பாருக்கும் இதுவே சாலச் சிறந்த சீர்திருத்தமாகத் தோன்றும்: ஒயின் பற்றி மிகக் குறைவாகத் தெரிந்தவர் முதலில் பேசட்டும். ஆனால் அவர் நேர்மையானவராக இருந்தால், 'எனக்கு ஒண்ணும் தெரியலப்பா, கொஞ்சம் புளிக்குது' என்பார். மற்ற இருவரும் இன்னொரு மடக்கு குடித்துப் பார்த்து, 'ஆமாம்ல, புளிக்குது' என்பார்கள். கோட்பாடு முழுமையாக நிரூபணமாகும். ஆறு ஆண்டு மூன்று மாதம் பீப்பாயில் கிடந்த ஒயின் வெறும் புளிப்பாகும். அதைக் கேட்டு வாங்கிய நாலாமவர் மட்டும் சோட்டலான் பற்றிப் பேசிக்கொண்டே மீதியைக் குடித்து முடித்து, பில்லையும் கட்டுவார்.