எல்லாமே கைக்கெட்டும் தூரத்தில்

சமைப்பவரின் கால்வலியை நினைத்து வீடு கட்டுகிறவர் உலகத்திலேயே இங்கிலாந்துக் கட்டுமானக்காரர் ஒருவர்தான். லண்டனில் புதிதாக எழும்பிய அடுக்குமாடி எதிலாவது ஓர் ஒற்றைப் படுக்கையறை வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். சமையலறை எங்கே என்று தேட வேண்டாம். வாசலைத் தாண்டி நாலு எட்டு வைத்தால் அதில்தான் நிற்பீர்கள். நின்ற இடத்திலிருந்தே அடுப்பை எரிய விடலாம், தொட்டியில் அரிசி களையலாம், சோபாவில் உட்கார்ந்திருப்பவர் கையில் தட்டைக் கொடுக்கலாம். ஓர் அடி நகர வேண்டியதில்லை. நகர இடமும் இல்லை என்று குறை சொல்வது நன்றி கெட்ட பேச்சு.

துணி துவைக்கும் இயந்திரமும் அங்கேயேதான். குளியலறையில் அதைச் சொருக பிளக் வைக்க இந்த நாட்டு விதிகள் லேசில் இடம் கொடுப்பதில்லை. வேறு அறையும் கிடையாது. அதனால் சமையல் மேடைக்கு அடியில் குடியிருக்கிறது. அதன் கதவைத் திறந்து வைத்தால் பாத்திர அலமாரியைத் திறக்க முடியாது. அலமாரியைத் திறந்தால் அடுப்புப் பக்கம் போக முடியாது. குழம்பு கொதிக்கும்போதே துணி எடுக்கப் போகிற அவசரபுத்திக்கு இங்கே வழியே இல்லை. ஒரு நேரத்தில் ஒரு காரியம் என்று சாமியார்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லியும் வராத மன ஒருமையை, ஓர் அலமாரிக் கதவு வரவழைத்துவிடுகிறது.

அடுப்புக்கு மேலே இருக்கும் புகை உறிஞ்சியின் பெருந்தன்மையைத் தனியாகச் சொல்ல வேண்டும். பல வீடுகளில் அது புகையை வெளியே தள்ளி ஊராருக்குத் தொல்லை கொடுப்பதில்லை. உள்ளே இழுத்து, கரி வடிகட்டியைக் காட்டிவிட்டு, அறைக்கே திருப்பிக் கொடுத்துவிடும். கடுகு தாளித்தால் சோபாவுக்குப் பங்கு, திரைச்சீலைக்குப் பங்கு, மறுநாள் ஆபீசுக்குப் போட்டுப் போகும் கோட்டுக்கும் பங்கு. ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் இருக்கும் நம்மவர்களைக் கேளுங்கள். மிளகாய் வறுக்கும்போது ஒருவர் கரண்டி பிடிக்க, இன்னொருவர் நாற்காலி மேல் ஏறி நின்று புகை மணிக்குத் துண்டால் விசிற வேண்டும். சமையல் பெண்கள் தலையில் மட்டும் விழுகிறது என்ற பழைய வழக்கைக் கட்டுமானக்காரர் இப்படித் தீர்த்து வைத்திருக்கிறார்.

இந்த நிலைக்கு வர நாடு எத்தனை தவறுகளைத் தாண்டி வந்திருக்கிறது! விக்டோரியா காலத்துத் தொழிலாளி வீட்டில், பின்கட்டில் நிலக்கரி அடுப்பு எரிகிற அறைதான் குடும்பம் மொத்தமும் உண்டு, உலர்ந்து, சண்டை போட்ட இடம். பாத்திரம் கழுவவும் துணி வேக வைக்கவும் அதற்குப் பின்னால் வேறொரு அறை. முன்னறையை விருந்தாளிக்கும் சவப்பெட்டிக்கும் என்று பூட்டியே வைத்திருந்தார்கள். அடுப்படிக்கு இரண்டு அறை, அந்தஸ்துக்கு ஓர் அறை. என்ன ஊதாரித்தனம்!

1930களின் இரட்டை வீடுகளில் சமையலறையை ஒரு மூலைக்குத் தள்ளிச் சற்றுப் புத்தியோடு நடந்துகொண்டார்கள். அதற்குள் போர் வந்து எல்லாவற்றையும் கெடுத்தது. 1944-இல் வீட்டு அளவை ஆராய அரசு அமைத்த டட்லி குழு, மூன்று படுக்கையறை வீட்டுக்கு 900 சதுர அடியாவது வேண்டும் என்றது. அடுத்த ஆண்டு வீட்டுவசதிக்குப் பொறுப்பான அமைச்சராக வந்த அனூரின் பெவன், ஏழைகளுக்குக் கட்டும் வீடு என்பதையே மறந்து அதற்கும் மேலே போனார். குண்டில் வீடிழந்தவர்களுக்கு அவசரத்துக்கு நிறுத்திய தற்காலிக வீடுகள் ஒன்றரை லட்சத்துக்கு மேல். பெட்டி போன்ற அந்த வீடுகளில்கூடப் பொருத்திய அலமாரியும் குளிர்சாதனப் பெட்டியும் வைத்துக் கொடுத்தார்கள். நாட்டில் பெரும்பாலான வீடுகள் அந்தப் பெட்டியைக் கண்ணால் பார்த்திராத காலம் அது. பத்தாண்டு தாங்கினால் போதும் என்று நிறுத்தியவை. சனங்கள் அரை நூற்றாண்டு ஆன பிறகும் காலி செய்ய மாட்டேன் என்று அடம் பிடித்தார்கள். நல்லது செய்தால் இப்படித்தான்.

எல்லாவற்றுக்கும் சிகரம் 1961-இல் வந்த பார்க்கர் மாரிஸ் குழுவின் அறிக்கை. அந்தப் பெரிய மனிதர்களுக்கு வேறு வேலை இல்லை போலும். ஒரு வீட்டில் சனங்கள் என்னென்ன செய்கிறார்கள், அதற்கு எவ்வளவு இடம் பிடிக்கும் என்று உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். சமையலறையில் முதலில் மேடை, பிறகு அடுப்பு, பிறகு மேடை, பிறகு தொட்டி, மறுபடியும் மேடை. நடுவில் கதவோ நடைபாதையோ குறுக்கிடக் கூடாது. சட்டிபானை, சாமான்களுக்கு 80 கன அடி இடம் வேண்டும். அதாவது கொதிக்கிற பானையை இறக்க அடுப்புக்குப் பக்கத்திலேயே இடம் வேண்டுமாம்! 1969-இல் உள்ளாட்சி மன்றங்கள் கட்டும் வீடுகளுக்கு இதைக் கட்டாயமாக்கவும் செய்தார்கள். லண்டனில் அந்தக் காலத்து உள்ளாட்சிக் குடியிருப்புகளின் சமையலறையில் மேசை போட்டுப் பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதுகிற அவலத்தை இன்றும் பார்க்கலாம்.

1980-இல் தாட்சர் அம்மையாரின் அரசு அந்தக் கட்டாயத்தை எடுத்தது. யாருக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பதை இனி சந்தை பார்த்துக்கொள்ளும் என்றார்கள். சந்தை பார்த்துக்கொண்டது. பிரிட்டனில் வீட்டைச் சதுர அடிக் கணக்கில் பேசுவது பாமரத்தனம். எத்தனை படுக்கையறை என்றுதான் கேட்பார்கள். மூன்றாவது படுக்கையறை வந்தால் விலை ஏறும், சமையலறை ஒரு மீட்டர் நீண்டால் ஏறாது. எந்தச் சுவர் எந்தப் பக்கம் நகரும் என்று தெரிந்துகொள்ளப் பொறியியல் படிக்க வேண்டாம். 2018-இல் ஒரு கட்டட உத்தரவாத நிறுவனம் விற்பனை விளம்பரங்களிலிருந்து கணக்கெடுத்தது. 1970களில் 83 சதுர மீட்டராக இருந்த சராசரி வீடு 2010க்குப் பின் 68 ஆகியிருந்தது. 1960களில் 15 சதுர மீட்டரை ஒட்டியிருந்த சமையலறை 13 பக்கம் இறங்கியிருந்தது. அந்த 13-க்குள் சாப்பாட்டு மேசையும் சோபாவும் வந்து ஒண்டிக்கொண்டால், அதற்குப் பெயர் திறந்தவெளி வாழ்க்கை.

அதற்கு முன்பே, 2009-இல், அரசின் கட்டட ஆலோசனை அமைப்பு லண்டனிலும் தென்கிழக்கிலும் புது வீட்டுக்காரர்களைக் கேட்டபோது, மூன்றில் ஒருவருக்கு மேல் டோஸ்டர், மைக்ரோவேவ் மாதிரிச் சாமான்களுக்குச் சமையலறையில் இடமில்லை என்றார்கள். ரொட்டியை வாட்டாமலே தின்னலாம் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது.

இந்தப் புலம்பல்களுக்கு இரங்கி 2015-இல் இங்கிலாந்துக்கு ஒரு தேசிய இட அளவு வந்தது. ஒருவர் படுக்கும் அறைக்கு 7.5 சதுர மீட்டர், அகலம் 2.15 மீட்டர். இருவர் படுக்கும் அறைக்கு 11.5. கூரையின் உயரம், துணிமணி வைக்கும் இடம் எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. சமையலறைக்கு மட்டும் தனியாக ஓர் எண்கூடக் கிடையாது. கட்டிலைச் சட்டம் பார்த்துக்கொள்கிறது, அடுப்பைக் கட்டுமானக்காரரின் நல்ல மனசு பார்த்துக்கொள்கிறது. போதாக்குறைக்கு இந்த அளவை ஏற்பதும் விடுவதும் அந்தந்த உள்ளாட்சியின் இஷ்டம்.

கையில் காசு உள்ளவர்களுக்கு இந்தச் சிக்கனம் கட்டாயமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவர்கள் அதே விக்டோரியா வீட்டை வாங்கி, பக்கச் சந்துக்குக் கண்ணாடிக் கூரை போட்டு, தோட்டத்துக்குள் ஆறு மீட்டர் வரை நீட்டி, நடுவில் தீவு போல ஒரு மேடையும் கட்டிக்கொள்ளலாம். முறைப்படித் தெரிவித்த பின் அக்கம்பக்கத்தார் முணுமுணுக்காவிட்டால் முழு அனுமதிகூட வேண்டாம். அந்த மேடையைச் சுற்றி உட்கார்ந்து, வெளியிலிருந்து வரவழைத்த சாப்பாட்டைப் பிரித்துச் சாப்பிடுவார்கள்.

ஆனால் கலையின் உச்சம் லண்டனில் இல்ஃபோர்டு பக்கம் நியூபரி ஹவுஸ் என்ற அலுவலகக் கட்டடம். திட்ட அனுமதி கேட்காமல் அலுவலகத்தை வீடாக்கலாம் என்று 2013-இல் அரசு வழி திறந்துவிட்டது. அந்த வழியில் இந்தக் கட்டடத்துக்குள் உருவான வீடுகளில் சில 13 சதுர மீட்டர். சமையலறை அல்ல, வீடே 13 சதுர மீட்டர். அடுப்படியில் குடியிருக்கிறோமா, குடியிருப்பில் அடுப்பு வைத்திருக்கிறோமா என்ற பழைய குழப்பம் அங்கே ஒரேயடியாகத் தீர்ந்தது. பொறாமைக்காரர்கள் சத்தம் போட்டு, 2021 ஏப்ரல் முதல் இப்படி மாற்றுகிற வீடும் 37 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது என்று ஆக்கிவிட்டார்கள். கட்டுமானக்காரர்கள் இடிந்து போயிருப்பார்கள் என்று பயந்தேன். அந்த 37-க்குள் அடுப்பை எங்கே வைப்பாய், அதற்குப் பக்கத்தில் ஒரு பானை இறக்க இடம் விடுவாயா என்று விதி இன்னும் கேட்கவில்லை. அந்த மட்டுக்கும் அவர்களுக்கு நிம்மதி.