வரிக்குதிரை யார் வீட்டில்?

பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. நோட்டுக்கு அட்டை போட்டு லேபிளும் ஒட்டியாயிற்று. ஆனாலும் ஃபிரிட்ஜுக்குப் பின்னாலிருந்தும் அரிசி டப்பாவுக்கு அடியிலிருந்தும், கோடைவிடுமுறையில் கலர் பிரிண்ட் எடுத்து ஒழுங்காக வெட்டி ஒளித்துவைத்த ‘துப்பு எண் 7’ இன்னும் வந்துகொண்டே இருக்கிறது. சூனியக்காரியின் கோட்டையிலிருந்து பிள்ளைகள் தப்பித்து ஒரு மாதம் ஆகப்போகிறது. ஏழாவது துப்பு இல்லாமலேயே தப்பித்திருக்கிறார்கள் என்பது இப்போதுதான் வெளியே வருகிறது. எரிச்சலை ஓரமாக வைத்துவிட்டு நியாயமாகவே பேசுவோம். அச்சிட்டு ஆடும் இந்த எஸ்கேப் கேம்கள் பெயருக்குத்தான் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு. நடைமுறையில் அது பெரியவர்களுக்கு விதிக்கப்பட்ட வேலை. இது என் கட்சி. இதற்கு மூன்று காரணங்கள் உண்டு. மூன்றாவதுதான் முக்கியம், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதல் காரணம் கதவு. 2004-ல் ஜப்பானின் தோஷிமிட்சு தகாகி ‘கிரிம்சன் ரூம்’ என்ற கணினி விளையாட்டை வெளியிட்டார். சிவப்பு அறை, பூட்டிய கதவு. கண்ட இடத்தையெல்லாம் கிளிக் செய்து வெளியேற வழி தேட வேண்டும். 2007-ல் தகாவோ கட்டோ கியோட்டோவில் ஆட்களையே உள்ளே விட்டு நேரில் ஆடவைத்தார். எஸ்கேப் ரூம் தொழில் அங்கிருந்து உலகமெல்லாம் பரவியது. இந்த இரண்டிலும் விடை தப்பென்றால் கதவு திறக்காது, அவ்வளவுதான். கதவோடு பேரம் பேச முடியாது. மூன்றாவது கட்டமாக யாரோ அந்த அறையைத் தாளில் அச்சடித்தார்கள். தாளில் பூட்டின் படம் இருக்கிறது, பூட்டு இல்லை. ஆகவே கதவு இருந்த இடத்தில் அம்மாவையோ அப்பாவையோ நிறுத்தியாயிற்று. மூன்று இலக்கப் பூட்டென்றால் 000 முதல் 999 வரை ஆயிரம் வாய்ப்பு. இரும்புப் பூட்டிடம் ஆயிரத்தையும் திருகிப் பார்க்க வேண்டும். அம்மாவிடம் “முதல் நம்பர் நாலா?” என்று கேட்டு முகத்தைப் பார்த்தால் போதும். ஒரு இலக்கத்துக்குப் பத்து கேள்வி, மூன்றுக்கும் சேர்த்து முப்பது. புருவம் கொஞ்சம் ஏறி இறங்கும் அம்மாவாக இருந்தால் அதிலும் பாதி. இதுவும் தர்க்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் இதற்கு கலர் பிரிண்ட் தேவையில்லை.

இரண்டாவது காரணம் துப்பு கொடுப்பவர்கள். இந்தத் தாள்களில் தவறாமல் வரும் கட்டம்போட்ட லாஜிக் புதிருக்குப் பேர்போன முன்னோடி, 1962 டிசம்பரில் ‘லைஃப் இன்டர்நேஷனல்’ பத்திரிகையில் வந்த வரிக்குதிரைப் புதிர். ஐன்ஸ்டைன் சிறுவயதில் போட்டது என்று ஒரு பேச்சு உண்டு. அதில் வரும் கூல் சிகரெட் கடைக்கு வந்ததே 1933-ல்தான், அப்போது அவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. ஐந்து வீடு, ஐந்து நிறம், ஐந்து நாட்டுக்காரர். ஆளுக்கொரு பிராணி, ஒரு பானம், ஒரு சிகரெட். மொத்தம் 15 வாக்கியம். தண்ணீர் குடிப்பவர் யார், வரிக்குதிரை யாருடையது என்று கேள்வி. அந்த 15 வாக்கியத்தில் தண்ணீரும் கிடையாது, வரிக்குதிரையும் கிடையாது. ஐந்தே வீடு உள்ள தெரு சார் இது! அதில் ஒருவர் வரிக்குதிரை வளர்க்கிறார், எந்த வீடு என்று சொல்ல ஆளில்லை. ஆனால் நத்தை வளர்ப்பவர் ஓல்டு கோல்டு பிடிக்கிறார் என்பது மட்டும் துல்லியமாகத் தெரிந்திருக்கிறது. நத்தை கண்ணில் பட்டவருக்கு வரிக்குதிரை படவில்லையா? நரி வளர்க்கும் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் செஸ்டர்ஃபீல்டு பிடிக்கிறார்கள் என்று இன்னொரு துப்பு. பக்கத்து வீட்டில் நரி இருந்தால் யார்தான் பிடிக்கமாட்டார்கள்? நடு வீட்டுக்காரர் பால் குடிக்கிறார், சரி. தண்ணீர் குடிப்பவர் தெருவுக்கே ஒருவர்தான் என்றால் மற்ற நாலு பேரும் மிளகாய் கடித்தால் என்ன செய்வார்கள்? ஒரு வீட்டில் குதிரை, ஒரு வீட்டில் வரிக்குதிரை என்றால் சாணம் எங்கே கொட்டுகிறார்கள்? அதை வைத்தே பாதிப் புதிரை அவிழ்த்துவிடலாம், அதைப் பற்றி ஒரு வரி இல்லை. நம் ஊரில் எந்தத் தெருமுனையிலும் விசாரித்துப் பாருங்கள். “கோடி வீட்டு ஜப்பான்காரர்தான், பச்சை பெயின்ட் அடிச்ச வீடு, காபிக்கு மட்டும் மாசம் எவ்வளவு செலவு பண்றார் தெரியுமா” என்று கேட்காததும் சேர்ந்து வரும். விடையும் அதுவேதான். பிள்ளைகளுக்கான தாளில் சிகரெட்டை எடுத்துவிட்டு ஐஸ்கிரீமைப் போட்டிருக்கிறார்கள், ஆனால் துப்பு கொடுப்பவரின் சுபாவம் மாறவில்லை. நாலு பிள்ளை, நாலு பிராணி, நாலு ஐஸ்கிரீம். சேர்க்கக்கூடிய விதம் 576. இவர் திருவாய் மலர்ந்தருள்வதோ, “ஆமை வைத்திருப்பவருக்குச் சாக்லேட் பிடிக்காது.” அதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னால் குடி முழுகிவிடுமா?

மூன்றாவதுக்கு வருமுன் எதிர்த்தரப்பையும் கேட்டுவிட வேண்டும். பிள்ளைகள் செல்போனை விட்டு விலகியிருக்கிறார்களே என்பார்கள். விலகியிருப்பது பிள்ளைகள், அந்த நேரத்தையும் சேர்த்து பிடிஎஃப் தேடுவதில் பெரியவர்கள் போனில் கழித்தாயிற்று. தேடிக் கிடைத்ததும் பெரும்பாலும் அமெரிக்கத் தாள். அவர்களுடைய லெட்டர் சைஸ் 216 மில்லிமீட்டர் அகலம், நம் ஏ4 210. அந்த விடுபடும் ஓரத்தில்தான் சங்கேத அட்டவணையின் கடைசி வரிசை இருக்கும். தமிழிலேயே செய்துகொள்ளலாமே என்று அடுத்த யோசனை வரும். ஆங்கிலத்தின் 26 எழுத்துக்குச் சுழலும் வட்டு உள்ளங்கையில் அடங்கும். 247 எழுத்துக்கு வட்டு வெட்டினால் தோசைக்கல் அளவு வரும், அதிலும் ‘ஙௌ’வுக்கு ஒரு கட்டம் தண்டமாகப் போகும். வகுப்பில் ஆசிரியர்கள் குழு பிரித்து ஆடவைத்தால் பயன் இருக்கிறது, அதை ஒத்துக்கொள்கிறேன். அங்கே ஒரு குழு காப்பியடித்தால் காட்டிக்கொடுக்க இன்னொரு குழு இருக்கும். வீட்டில் யார் இருக்கிறார்கள்?

சிந்தனை வளர்கிறது என்பதுதான் பெரிய வாதம். புலி, ஆடு, புல்லுக்கட்டு மூன்றையும் ஓடத்தில் அக்கரை சேர்க்கும் கணக்கிலும் அது வளர்ந்தது. 804-ல் இறந்த அல்குயின் பெயரால் வழங்கும் இலத்தீன் தொகுப்பில் அதே கணக்கு ஓநாய், ஆடு, முட்டைக்கோஸ் என்று இருக்கிறது. இளசுகளின் புத்தியைத் தீட்டத்தான் அந்தத் தொகுப்பே. ஏழு முறை ஆற்றைக் கடந்தால் முடிந்தது. லேமினேஷன் வேண்டாம், கரன்ட் போனாலும் ஆடலாம். உடனே புலியை எதற்கு அக்கரைக்குக் கொண்டுபோகிறார் என்று பிள்ளை கேட்கும், அதற்கு அல்குயினிடமும் பதில் இல்லை. இருக்கட்டும். மூன்றாவது காரணம் இதுதான்: எட்டு வயதுப் பிள்ளையிடம் 12 பக்கத் தாளைக் கொடுத்தால் அது முதலில் செய்வது பன்னிரண்டாம் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பது. விடை அங்கேதான் இருக்கிறது. இதை ஏமாற்று என்கிறார்கள். சாவியைத் தேடிக் கண்டுபிடி என்று சொன்னோம், கண்டுபிடித்துவிட்டது. இதைவிடச் சிக்கனமாக யாராலும் யோசிக்க முடியாது. விடைத்தாளைப் பிள்ளைகள் கண்ணில் படாமல் தனியே எடுத்து வைக்கவும் என்று பெரியவர்களுக்கு எச்சரிக்கை போட்டிருக்கிறார்களே என்றால், போட்டிருக்கிறார்கள்தான், கொட்டை எழுத்தில், அதே பன்னிரண்டாம் பக்கத்தில்.